ஆணையரைத் தேர்ந்தெடுக்கப் போன கதை

அன்பும் மதிப்பும் மிக்க அக்கா அவர்களுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் மாமா அவர்களும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதப்போனால், தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் உன் தம்பி பெண்டாட்டி, "பொய்யை எதுக்குத் தபால்ல அனுப்புறீங்க?" என்கிறாள். அவள் சொல்வதும் சரிதான். மூன்று நாளாக எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் நடக்கத் தோன்றுகிறது, நடந்தால் எங்கே போகிறோம் என்று தெரியவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

போன மாதம் அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நிலத்துறையையும் மின்துறையையும் ஒன்றாக்கிவிட்டார்களாம், மாமியாரையும் மருமகளையும் ஒரே அடுப்பில் சமைக்கவிட்ட மாதிரி. அதற்கு ஓர் ஆணையர் வேண்டும். அணைக்கு மேலே உள்ள மேட்டு நிலத்தில் சூரிய மின்தகடுகள் பதிக்கப்போகிறார்கள். யார் நிலம் போகும், யாருக்கு மாற்று நிலம் கிடைக்கும், எந்த ஊருக்கு முதலில் மின்சாரம் என்றெல்லாம் கையெழுத்துப் போடப்போவது அந்த ஆணையர்தான். அவரைத் தேர்ந்தெடுக்க ஐந்து பேர் குழு, அதில் பொதுமக்கள் சார்பாக ஒருவர். முப்பத்துநான்கு வருஷம் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் அந்த ஒருவர் நான்! எனக்குத் தலைகால் புரியவில்லை. சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டேன். "சொத்தையில்லாம ஒரு கத்தரிக்காய் பொறுக்கத் தெரியாது, ஆணையரைப் பொறுக்கப் போறாராம்" என்று அவள் சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குழுவுக்குத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. மற்றவர்கள் ஒரு பேராசிரியர், ஓர் ஆலை முதலாளி, பெண்கள் சங்கச் செயலாளர் அம்மா. கடைசிச் சுற்றுக்கு வந்தது இரண்டே பேர். ஒருவருக்கு ஐந்து பட்டங்கள். அவர் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள் பெயரைவிட நீளம். இன்னொருவர் மின்பொறியாளர் அம்மா. ஒரே பட்டம், இருபத்திரண்டு வருஷம் துணை மின்நிலையங்களில் வேலை. ஆனால் அவர் அணைக்காரர். அணை கட்டியபோது வீடு நிலம் எல்லாம் தண்ணீருக்குள் போய், மேட்டில் குடியேறினார்களே, அந்த மக்கள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது சண்டை.

"நிலம் போன கோபம் அவங்களுக்கு உள்ளுக்குள்ள இருக்கும். கோபத்தைக் கொண்டுபோய் ஆணையர் நாற்காலியில உட்கார வைக்கலாமா?" என்றார் ஆலை முதலாளி. "நிலம் போனவங்களுக்குத்தானே நிலத்தோட அருமை தெரியும்? அவங்க அணைக்காரங்கன்னுதான் நான் கேக்கறேன்" என்றார் செயலாளர் அம்மா. "ஒரு பட்டம் எங்கே, அஞ்சு பட்டம் எங்கே!" என்றார் பேராசிரியர். முக்கால் மணி நேரம் அந்த அம்மா யார் வீட்டுப் பெண், எந்த மேட்டிலிருந்து வருகிறார் என்றே பேசினோம். கடைசியில் நீதிபதி, "அவங்க என்ன வேலை செஞ்சாங்கன்னு கோப்பு கொடுத்திருந்தேனே, யாராவது படிச்சீங்களா?" என்று கேட்டார். கோப்பு தேநீர்த் தட்டுக்கு அடியில் இருந்தது. நானும் படிக்கவில்லை அக்கா, உன்னிடம் மறைப்பானேன்.

முதலில் ஐந்து பட்டக்காரர் வந்தார். துணை மின்நிலையத்துக்குப் போனதுண்டா என்று நீதிபதி கேட்டதற்கு, "கோட்பாட்டளவில் போயிருக்கிறேன்" என்றார். பேராசிரியர் மெய்மறந்து தலையாட்டினார்.

அடுத்தது அந்த அம்மா. வந்து உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் கரண்ட் போய்விட்டது. விசிறி நின்று, எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது. ஐந்து பேரும் அவரையே பார்க்கிறோம். ஆலை முதலாளி ஒரு சிரிப்புச் சிரித்து, "கதவோரமாத்தான் இருக்கு சுவிட்ச். ஜெனரேட்டர் பக்கம் திருப்பிவிடுங்களேன், உங்க திறமையையும் பார்த்த மாதிரி இருக்கும்" என்றார். அந்த அம்மா எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார். மூடிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

"தொடமாட்டேன் சார். வெளிக்கம்பியைப் பிரிச்சுவிடற பாகம் உள்ள உடைஞ்சு கிடக்கு. இப்ப ஜெனரேட்டரைப் போட்டா கரண்ட் வெளிக்கம்பிக்கும் ஏறும். எங்கேயாவது கம்பத்து மேல ஆள் இருந்தா அவ்வளவுதான்."

போன் பண்ணி விசாரித்தார். உண்மையிலேயே தெருமுனைக் கம்பத்தில் ஒருவர் ஏறியிருக்கிறாராம். அவர் வேலை முடித்து இறங்க நாற்பது நிமிஷம். ஓர் உயிர் பிழைத்ததே என்று நினைப்பார்கள் என்று பார்த்தால், ஆலை முதலாளி என் காதில், "ஒரு விசிறியை ஓடவைக்கத் தெரியல, பாத்தீங்களா?" என்கிறார்!

வேர்வையைத் துடைத்துக்கொண்டே பேராசிரியர் கேட்டார்: "ஆணையர் ஆனா உங்க ஆளுங்களுக்குச் சாதகமா நடந்துக்குவீங்களா?"

"என் ஆளுங்கன்னா யாரு சார்? கம்பத்து மேல இருக்கறவரா, இங்க வேர்த்துப்போய் உட்கார்ந்திருக்கற நீங்களா?" என்றார் அந்த அம்மா. அப்புறம் கொஞ்சம் நிதானித்து, "ஆனா ஒண்ணு சொல்லிடறேன். எங்க நிலத்துல பயிர் இருந்தும் தரிசுன்னு எழுதிட்டாங்க. அதனால மாத்து நிலம் கிடைக்கல. எழுதினது யாருன்னு நான் தேடிப் போகல. ஆனா அந்தப் பதிவேட்டைத் திறக்கவேண்டிய நாற்காலி இது. உட்கார்ந்தா திறப்பேன்" என்றார்.

அக்கா, அணைக்குப் போன நிலங்களை அளந்து அப்படி எழுதியது நான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். பெரிய அதிகாரி ஜீப்பைவிட்டு இறங்காமலே, "தரிசுன்னு எழுதுய்யா, நேரமாச்சு" என்றார். முழங்கால் உயரச் சோளத்துக்குள் நின்றுகொண்டு தரிசு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இத்தனை வருஷம் அதை நான் மாமாவிடம்கூடச் சொன்னதில்லை.

வாக்கெடுப்பு வந்தது. பேராசிரியரும் முதலாளியும் பட்டங்கள் பக்கம். நீதிபதியும் செயலாளரும் அந்த அம்மா பக்கம். எட்டுக் கண்ணும் என்மேல். ஆதரித்தால் என் பாவத்தைக் கழுவிக்கொள்ள ஆதரித்ததாகும், எதிர்த்தால் பதிவேடு திறந்துவிடுமே என்ற பயத்தில் எதிர்த்ததாகும். எழுந்தேன், உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி எழுந்தேன். "மூட்டு வலியா?" என்றார் செயலாளர் அம்மா. வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்: "ஐயா, அதைத் தரிசுன்னு எழுதினவன் நான்தான்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அப்படின்னா இந்த விஷயத்துல உங்களுக்கு ஓட்டு கிடையாது" என்றார். இரண்டுக்கு இரண்டு. சமமானால் பட்டம் அதிகமுள்ளவருக்கே பதவி என்று விதியாம். நாற்பது வருஷத்தில் முதல்முறையாக உண்மையைச் சொன்னேன், அதுவும் அந்த அம்மாவுக்கே வினையாகப் போயிற்று!

வெளியே தாழ்வாரத்தில் அந்த அம்மா நின்றிருந்தார். செயலாளர் எல்லாம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. திட்டுவார் என்று பார்த்தேன்.

"என்ன பயிர் இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா சார்?"

"சோளம்மா. முழங்கால் உயரம்."

"அப்பா இடுப்பு உயரம்னு சொல்வாரு" என்றார். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அன்றைக்குப் போன தூக்கம்தான் அக்கா.

இனி இந்த ஊரில் எனக்கு என்ன வேலை? குழு, கூட்டம், பொதுக்காரியம் எதிலும் தலையிடமாட்டேன், இது சத்தியம். அடுத்த வாரக் கடைசியில் இரண்டு பேரும் ரயிலேறி வந்து ஒரு மாதம் உன் வீட்டில் முடங்கிக்கொள்கிறோம். மாமாவை ஸ்டேஷனுக்கு வரச்சொல். மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல், எந்தத் தேர்வுக் குழுவிலும் சிக்காமல் நீடூழி வாழ என் ஆசிகள்.

என்றும் உன் பாசமுள்ள,
தம்பி

பின்குறிப்பு: இதை எழுதித் தபாலில் சேர்க்கத் தைரியமில்லாமல் ஒரு வாரம் வைத்திருந்தேன். அதற்குள் ஐந்து பட்டக்காரர் மேட்டு நிலத்தைப் போய்ப் பார்த்திருக்கிறார். வெயிலைப் பார்த்ததும், வேலையைத் தலைநகரிலிருந்தே செய்யலாமா என்று கேட்டிருக்கிறார். முடியாது என்றதும் விலகிவிட்டார். பட்டியலில் அடுத்தவர் அந்த அம்மா, முந்தாநாள் பொறுப்பேற்றார். அவருடைய முதல் உத்தரவு இன்று காலை பதிவுத்தபாலில் என் பெயருக்கு வந்திருக்கிறது: கோடையில் அணை வற்றி நிலம் வெளியே தெரிகிறதாம், தரிசு என்று எழுதிய அந்த நிலத்தை அதே ஆள் நேரில் வந்து மறுபடி அளந்து காட்டவேண்டுமாம். "போய்ட்டு வாங்க, நானும் வரேன்" என்கிறாள் உன் தம்பி பெண்டாட்டி. நாளைக்கே கிளம்புகிறோம். ஆகவே மாமா ஸ்டேஷனுக்கு வரவேண்டாம், என் சத்தியத்தையும் நீ நம்பவேண்டாம். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. வேண்டாம், கிழிக்காதே. அந்த நிலத்தைப் பற்றி நான் எழுதிக் கையெழுத்துப் போட்டதில் உண்மையானது இது ஒன்றுதான். விசாரணையில் கேட்டால் காட்டவேண்டும்.