ஸ்டெடிலி, மேடம்

அதிகம் பேசாதவனை ஊர் இரண்டு விதமாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஒன்று, பரம சாது. இல்லையென்றால், பெரிய அமுக்கன். மூன்றாவதாக ஒரு வகை இருப்பது யாருக்கும் தோன்றுவதில்லை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று தனக்கே தெரியாததால் மூடி வைத்திருப்பவன். நான் அந்த வகை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஷூவின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் சொல்யூஷன் தடவி ஒட்ட வேண்டும். இந்த வேலைக்கு வாய் தேவையில்லை. மூக்கும் இல்லாமலிருந்தால் இன்னும் நல்லது. அந்தச் சொல்யூஷன் வாடை அப்படி. அதை வெளியே தள்ளச் சுவரில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று உண்டு. அது நின்று வெகுகாலமாகி, இறக்கைகளுக்கு நடுவே ஒரு புறா குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. (அதற்கும் தலைவலி இருந்திருக்கும். யார் கேட்டார்கள்?) மத்தியானத்துக்கு மேல் எங்களில் பாதிப் பேர் நெற்றியில் தைலத்தோடுதான் வேலை பார்ப்போம். மெயின்டனன்ஸில் சொன்னால், "எழுதிப் போட்டுக்குதுப்பா" என்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிறவர்கள் கம்பெனியைப் பார்வையிட வருவதற்கு ஆடிட் என்று பெயர். ஆடிட் வருகிறதென்றால் எங்கள் கம்பெனிக்குக் கல்யாணக் களை வந்துவிடும். வாசலில் பூந்தொட்டி முளைக்கும். எல்லோருக்கும் புது மாஸ்க் கிடைக்கும். முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து இருக்கும். (மற்ற நாட்களில் சூப்பர்வைசரின் சீப்பும் ஊறுகாய்ப் பாக்கெட்டும் இருக்கும்.) வருகிறவர்களிடம் பேச ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்துத் தயார் செய்வார்கள். அந்த முறை எச்.ஆர். ஆபீசர் பிரவீன் சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஏழுமலைண்ணா, இந்த தபா மேடம் கிட்ட பேசப்போறது நீங்கதான்."

"நானா சார்? நான் அஞ்சாவதுதான் சார் படிச்சிக்கிறேன்."

"அதாண்ணா வேணும்."

ஏன் வேணும் என்பது பிறகுதான் புரிந்தது. எங்கள் பிரிவில் ஷமீம் அக்கா என்று ஒருவர், வாணியம்பாடியிலிருந்து வருகிறவர். அவரிடம் மணி என்ன என்று கேட்டால் கேன்டீன் சாம்பாரில் பருப்பு இல்லாததுவரை சொல்லிவிட்டுத்தான் மணியைச் சொல்வார். நான் அப்படியில்லை. சொல்லிக்கொடுத்ததையே சொல்லத் திணறுகிறவன் சொல்லிக்கொடுக்காததை எங்கே சொல்லப்போகிறேன்?

பிரவீன் சாரின் திட்டம் எளிமையானது. "அவங்க எத கேட்டாலும் நாம வளர்ச்சிய சொல்லணும். கம்பெனி வளருது, வேல வளருது, நீங்க வளர்றீங்க. அவ்ளோதான். ஆனா ஒரே வார்த்தய ரெண்டு தபா சொல்லாதீங்க. மனப்பாடம்னு கண்டுபுடிச்சிருவாங்க."

அதற்காக அவர் வாட்ஸப்பில் குரலாக அனுப்பிய வார்த்தைகளைக் கேட்டு அசந்துபோனேன். இன்க்ரீசிங். டெவலப்பிங். எக்ஸ்பேண்டிங். அக்யூமுலேட்டிங். பில்டிங் அப். கூடவே ஒட்டிக்கொள்ள கிராஜுவலி, ஸ்டெடிலி, லிட்டில் பை லிட்டில். ஒரு காரியம் மெதுவாக நடப்பதற்கு வெள்ளைக்காரன் இத்தனை வேகமாகப் பேர் வைத்திருக்கிறானே!

"இதுல எதுக்கு எது சார் சொல்லணும்?"

"எல்லாம் ஒரே அர்த்தம்தாண்ணா. எது வாயில வருதோ அடிச்சி வுடுங்க."

எனக்குச் சந்தேகம்தான். நம் ஊரில் பிள்ளை வளரும், நோயாளி தேறுவான், கிணற்றில் தண்ணீர் ஊறும், கூரையில் ஒட்டடை சேரும், சட்டையில் அழுக்கேறும். பிள்ளை ஏறுகிறது, ஒட்டடை தேறுகிறது என்று யாராவது சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆனால் அஞ்சாவது படித்தவன், டிகிரி படித்தவரிடம் எப்படிக் கேட்பது? தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் இதே பாராயணம். பல் விளக்கும்போது டெவலப்பிங், சைக்கிள் மிதிக்கும்போது எக்ஸ்பேண்டிங். என் மனைவி வசந்தாவும் அதே கம்பெனியில் ஸ்டிச்சிங் பிரிவு. "இன்னாய்யா, குக்கர் முன்னாடி நின்னுகினு பில்டிங் அப் பில்டிங் அப்ன்ற? விசில் வந்தா எறக்கு, போதும்" என்றாள்.

இதற்குள் விஷயம் பிரிவு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஷமீம் அக்கா என்னை ஓரங்கட்டினார்.

"ஏழுமல, நீதான் பேசப்போறியாமே. மத்ததெல்லாம் எப்டியோ போவட்டும். ஃபேன் விஷயத்த மட்டும் அந்தம்மா காதுல போட்டுரு. தைலம் தடவித் தடவி என் நெத்தித் தோலே உரிஞ்சிபோச்சி."

"சரிக்கா" என்றேன். 'ஃபேன் பேச்சே எடுக்கக் கூடாது' என்று பிரவீன் சார் சொன்னபோதும் "சரி சார்" என்றுதான் சொல்லியிருந்தேன். இரண்டு பக்கமும் சரி சொல்லிவிட்டு நடுவில் நிற்பவனுக்குத் தூக்கம் எப்படி வரும்?

ஆடிட் நாள் வந்தது. நரைத்த முடியோடு, நெடுநெடுவென்று ஒரு வெளிநாட்டு அம்மா. பக்கத்தில் மொழிபெயர்க்கச் சென்னையிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண். பின்னால், புதுச் சட்டையில் பிரவீன் சார். நேராக என் மேஜைக்கே கூட்டிவந்து நிறுத்தினார்.

அந்த அம்மா மெதுவாக ஏதோ கேட்டார். 'புரொடக்‌ஷன்' மட்டும் காதில் விழுந்தது.

"இன்க்ரீசிங், மேடம்."

சிரித்தார். அடுத்த கேள்வியில் 'ஸ்கில்' என்று வந்தது.

"டெவலப்பிங், மேடம். கிராஜுவலி."

இன்னும் நன்றாகச் சிரித்தார். பிரவீன் சாரின் கடைவாய்ப் பல்வரை எனக்குத் தெரிந்தது. எனக்கே கொஞ்சம் திமிர் வந்துவிட்டது. இவ்வளவுதானா இங்கிலீஷ்? இதற்கா ஜனங்கள் இத்தனை வருஷம் பள்ளிக்கூடம் போகிறார்கள்?

அப்போது அந்த அம்மா மூக்கைச் சுளித்தார். 'ஸ்மெல்' என்றார்.

எனக்குப் பின்னால் ஷமீம் அக்கா தொண்டையைக் கனைப்பது கேட்டது. எனக்கு முன்னால் பிரவீன் சார் கண்ணாலேயே வேண்டாம் என்றார். சொல்லவேண்டியது 'ஃபேன் நோ'. இரண்டே வார்த்தை. அஞ்சாவதுகூட வேண்டாம், பால்வாடியே போதும். ஆனால் ஒரு வாரமாக வாயில் ஊறவைத்ததுதானே வெளியே வரும்?

"அக்யூமுலேட்டிங், மேடம்."

அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி, "ஹெட்டேக்?" என்றார்.

இது எனக்குப் புரிந்தது. தலைவலி வந்தவனுக்குப் புரியாமல் இருக்குமா? புரிந்ததில்தான் இன்னும் பயந்துபோனேன்.

"பில்டிங் அப், மேடம். லிட்டில் பை லிட்டில்."

கையைச் சுற்றிலும் வீசி, எத்தனை பேருக்கு என்பதுபோல் கேட்டார்.

"எக்ஸ்பேண்டிங், மேடம்."

பிரவீன் சார் பாய்ந்து நடுவில் வந்தார். "ஜோக்கிங், மேடம்! ஹி இஸ் ஜோக்கிங்!" என்று பெரிதாகச் சிரித்தார். (என் கல்யாணத்தன்றுகூட நான் ஒரு ஜோக் சொன்னதில்லை.) அந்த அம்மா சிரிக்கவில்லை. மொழிபெயர்க்கும் பெண்ணிடம் ஏதோ சொன்னார். அந்தப் பெண் என்னருகே வந்து குனிந்தது.

"அண்ணா, பயப்படாதீங்க. தமிழ்லயே சொல்லுங்க. நெஜமாவே தலைவலி வருதா?"

தமிழ். என் தாய்மொழி. ஆமாம் என்றோ இல்லை என்றோ சொன்னால் முடிந்தது. ஆமாம் என்றால் பிரவீன் சார், இல்லை என்றால் ஷமீம் அக்கா. நாக்கு மேலண்ணத்தில் சொல்யூஷன் போட்டது மாதிரி ஒட்டிக்கொண்டது. பிரிவே வேலையை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தது. பெருமூச்சோடு கடைசியில் ஒன்று வந்தது.

"ஸ்டெடிலி, மேடம்."

அவ்வளவுதான். பிரிவு வெடித்தது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்கள். ஷமீம் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தார்.

"அய்ய, அந்தாளுக்குத் தமிழே மறந்துபோச்சிம்மா! நான் சொல்றேன் கேளு."

சொன்னார். புறாவைக் காட்டினார். இடுப்பிலிருந்து தைல பாட்டிலை எடுத்துக் காட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொரு பாட்டிலை எடுத்தார்கள். அந்த வெளிநாட்டு அம்மா ஸ்டூல் போட்டு ஏறி, ஃபேனுக்குள் உட்கார்ந்திருந்த புறாவைப் போட்டோ எடுத்தார். புறா நன்றாகவே போஸ் கொடுத்தது. கேன்டீன் சாம்பாரும் அன்றைக்கே மொழிபெயர்க்கப்பட்டது.

மறுநாள் பிரவீன் சார் கூப்பிட்டார். திட்டுவார் என்று போனால், பயந்த மாதிரி பேசினார்.

"உங்கள மாதிரி ஆள நான் பாத்ததே இல்லண்ணா. வாயில வெரல வெச்சா கடிக்கத் தெரியாதுன்னு நெனச்சேன்."

"சார், நீங்க குடுத்த வார்த்ததான் சார்…"

"அதாண்ணா! நான் குடுத்தத வெச்சே என்ன அடிச்சீங்க பாருங்க. பெரிய மூள."

வெளியே வந்தால் ஷமீம் அக்கா டீயோடு நின்றார். "அமுக்கமா இருந்துகினு கரெக்டா போட்டான் பாரு!" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நான் எதையும் போடவில்லை என்று சத்தியம் செய்தும் யாரும் நம்பவில்லை. வசந்தா ஒருத்திதான் நம்பினாள்.

"நீ வேணும்னு பண்ணலன்னு எனக்குத் தெரியும். ஒனக்கு அவ்ளோ சாமர்த்தியம் இருந்தா நான் ஏன் இன்னும் வாடக வூட்ல இருக்கேன்?"

அடுத்த மாதமே இரண்டு புது ஃபேன் வந்தது. தலைவலி நன்றாகக் குறைந்துவிட்டது. (குறைவதற்கு இங்கிலீஷில் என்ன என்று பிரவீன் சார் சொல்லித்தரவில்லை.) புறா எச்.ஆர். ரூம் ஜன்னல் மேலே குடிபோனது.

அன்றிலிருந்து கம்பெனியில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஆடிட் என்றால் முதல் நாள் சாயங்காலமே சூப்பர்வைசர் என்னிடம் வந்து, "நாளைக்கு நீ ரெஸ்ட் எடுத்துக்கப்பா, சம்பளம் உண்டு" என்று சொல்லிவிடுவார். வசந்தா புது மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு என்னை முறைத்துவிட்டு வேலைக்குப் போவாள். எனக்கு ரேஷன் கடை க்யூ. இப்போது எங்கள் தெருவில் வேலை நாளில் காலை பத்து மணிக்கு நான் லுங்கியோடு டீக்கடைப் பக்கம் போனால் போதும். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பார்:

"ஏழுமல வந்துக்கிறாரு. கம்பெனிக்கு வெள்ளக்காரங்க வந்துட்டாங்க போல!"