மாடியில் ஒரு வெளிநாடு

வெளிநாடு போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில்தான் லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரிந்தது, பேஸ்ட்டை எடுத்து வர மறந்துவிட்டோம் என்று. பிரஷ் இருந்தது. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். ஸ்வெட்டர்கள் விழுந்தன, சாக்ஸ் விழுந்தது, தலைவலித் தைலம் உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. பேஸ்ட் மட்டும் விழவில்லை.

மனைவிக்கு ஃபோன் போட்டார்.

"ஏம்மா, பேஸ்ட்டை மறந்துட்டேன். கொஞ்சம் மேல எறியேன்."

"எப்படிங்க எறியறது? நடுவுல கடல் இருக்கு. பார்சல்ல அனுப்பறேன். வந்து சேர பத்து நாள் ஆகும்."

"விளையாடாதே. நீ பேசறது எனக்கு ஃபோன் இல்லாமலே கேக்குது."

"கேக்கக் கூடாது. காதைப் பொத்திக்குங்க. ஆமா, இப்ப அங்க விடியக்காலை ஆச்சே, தூங்காம என்ன பண்றீங்க?"

அவ்வளவுதான், வைத்துவிட்டாள். கீழே ஹாலில் மகள் விழுந்து விழுந்து சிரிப்பது தரை வழியாக மேலே வந்தது.

ஆமாம், மெக்கானிக் போய்ச் சேர்ந்த வெளிநாடு அவருடைய சொந்த வீட்டு மாடி அறைதான். அந்தக் கூத்து எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

ஊரில் உயரமாக நிற்கிற கட்டடங்களில் பாதிக்கு மேல் அவர் கைபட்ட லிஃப்ட்தான் ஓடுகிறது. ஊரையே மேலே ஏற்றிவிட்ட மனுஷன், தான் மட்டும் பல வருஷமாகத் தரையோடு தரையாக இருந்தார். இந்த நேரம் பார்த்துக் கம்பெனிக்குக் கடல் தாண்டி ஒரு பெரிய ஒப்பந்தம் கிடைத்தது. ஒரு வருஷம் அங்கேயே தங்கி வேலை பார்க்க ஓர் ஆள் வேண்டும். முதலில் கேட்கப்பட்டவர்கள் எல்லாம் ஏனோ ஒருவர் பின் ஒருவராகக் குடும்பச் சூழ்நிலை என்று எழுதிக் கொடுத்து ஒதுங்கிக்கொண்டார்கள். வெல்டர் கையில் கட்டோடு வந்து எழுதிக் கொடுத்தார். கடைசியாக மேனேஜர் இவரைக் கூப்பிட்டுக் கேட்டார். மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வாய்ப்பை விட்டால் இன்னொன்று இந்த ஜென்மத்தில் வராது என்று அவருக்குத் தெரியும்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி அழவும் இல்லை, ஆடவும் இல்லை. மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். எதையும் வேளைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தே பழக்கப்பட்டவள். ரெண்டு நாள் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"முதல்ல ஒரு வாரம் ஒத்திகை பார்ப்போம். நீங்க மாடி ரூம்ல இருங்க. அதுதான் வெளிநாடு. சமைக்கறது, துவைக்கறது எல்லாம் உங்க பாடு. எங்ககூட ஃபோன்லதான் பேசணும். ஒரு வாரத்துக்குள்ள மாடிப்படியில காலை வெச்சீங்க, வேலை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடணும். சம்மதமா?"

"ஒரு வாரம் என்ன, ஒரு மாசம் இருந்து காட்டறேன்," என்று மார்தட்டினார் மெக்கானிக்.

அரை நாள் லீவுக்கே ஆயிரம் கேள்வி கேட்கிற மேனேஜர், ஒரு வாரம் கேட்டதும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். நமக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

நல்ல காலம் பிறந்தவருக்கு இப்போது பல் துலக்க வழியில்லை.

தொழில் தெரிந்த மனுஷன் சும்மா இருப்பாரா? துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்தார். அதன் நுனியில் ஒரு வாளியைக் கட்டினார். ஜன்னலுக்கு மேலிருந்த திரைக்கம்பியில் கயிற்றைப் போட்டு இழுத்துப் பார்த்தார். சின்னதாக ஒரு லிஃப்ட் தயார். மகளுக்கு ரகசியமாக ஃபோன் போட்டார்.

"பாப்பா, உன் ஜன்னல் பக்கம் ஒரு வாளி வரும். பேஸ்ட்டை அதுல போடு. அப்படியே ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் போடு. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

"எனக்கு என்ன தருவீங்க?"

"திரும்பி வரும்போது சாக்லேட் வாங்கிட்டு வர்றேன்."

"எங்கேருந்து, மாடியிலேருந்தா?"

வாளி இறங்கியது, ஏறியது. பேஸ்ட் இருந்தது. பிஸ்கட் பாக்கெட்டும் இருந்தது. உள்ளே ஒரே ஒரு பிஸ்கட் இருந்தது. அதற்குள் ஃபோன் அடித்தது.

"கஸ்டம்ஸ்லேருந்து பேசறோம்," என்றாள் மனைவி, வாய் நிறைய பிஸ்கட்டோடு. "பேஸ்ட்டை விட்டுட்டோம். பிஸ்கட்டுக்கு வரி பிடிச்சிருக்கோம்."

அடுத்த நாள் முட்டை பொரிக்க எண்ணெய் வேண்டியிருந்தது. கஸ்டம்ஸுக்குத் தண்ணி காட்டுவது என்று முடிவு செய்து, மகளைச் சமையலறையில் நிற்கச் சொல்லிவிட்டு, வாளியைப் பக்கவாட்டு ஜன்னல் வழியாக அந்தப் பக்கம் இறக்கினார். அங்கேதான் பக்கத்து வீட்டுத் தையல்காரரின் வாசல் என்பது அவர் நினைவுக்கு வரவில்லை. வாளி நேராகப் போய்த் தையல்காரர் தலையில் ணங்கென்று உட்கார்ந்தது. மெக்கானிக் பதறிப்போய் வாளியை விருட்டென்று மேலே இழுத்துக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே பதுங்கினார்.

தையல்காரர் மண்டையைத் தடவிக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

"தங்கச்சி, உங்க மாடியில யாரு?"

"யாரும் இல்லையேண்ணே. அவர்தான் வெளிநாடு போயிட்டாரே."

சட்டம் என்றால் சட்டம். அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"அப்ப என் தலையில வாளியைப் போட்டது யாரு?"

"காத்தா இருக்கும்ணே."

காற்றுக்குக் கை முளைத்து வாளியைத் திரும்ப இழுத்துக்கொண்டதைத் தையல்காரர் தன் கண்ணாலேயே பார்த்திருந்தார். ஆம்பிளை இல்லாத வீடு என்று தெரிந்து எவனோ திருட்டுப்பயல் மாடியில் புகுந்திருக்கிறான் என்று முடிவு கட்டினார். பாவம், இந்தப் பெண்களைப் பயமுறுத்த வேண்டாம், நாமே பார்த்துக்கொள்வோம் என்று கிளம்பிப் போனார்.

மெக்கானிக் அன்று முழுவதும் பூனை மாதிரி நடந்தார். எண்ணெய் இல்லாமல் முட்டையைப் பொரித்ததில் அது சட்டியோடு ஐக்கியமாகிவிட்டது. புகை ஜன்னல் வழியாகக் குபுகுபுவென்று வெளியே போயிற்று.

"பாத்தீங்களாய்யா அநியாயத்தை? திருட வந்தவன் சமைச்சுச் சாப்பிடறான்," என்று தையல்காரர் கீழே யாரிடமோ சொல்வது கேட்டது.

இது போலீஸ் வரை போய்விடும் என்று மெக்கானிக் பயந்தார். தையல்காரருக்கே ஃபோன் போட்டார்.

"அண்ணே, நான்தான். வெளிநாட்டுலேருந்து பேசறேன். வீட்டுல சொன்னாங்க. மாடியில யாரும் இல்லைண்ணே. எலியா இருக்கும்."

"எலி முட்டை பொரிக்குமா தம்பி?"

"பெரிய எலிண்ணே."

"அது கிடக்கட்டும். அங்க எப்படி, குளிரா?"

"உடம்பு விறைக்குதுண்ணே," என்றார் மெக்கானிக், பனியன் நுனியால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

தையல்காரருக்கு ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தைப்பதுதான் வழக்கம். தடதடவென்று மெஷின் ஓடுகிற சத்தம் மெக்கானிக்கின் ஜன்னல் வழியாக ஏறி, அவர் ஃபோன் வழியாகத் தையல்காரர் காதுக்கே திரும்பிப் போயிற்று.

"என்ன தம்பி, அங்கயும் தையல் மெஷின் ஓடுது?"

"அது, பக்கத்து வீட்டுல ஒரு தையல்காரர் இருக்கார்ணே."

"அந்த ஊர்க்காரரா? எப்படித் தைக்கறார்?"

"உங்க அளவுக்கு வராதுண்ணே."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தையல்காரர் உச்சி குளிர்ந்துபோனார். பட்டன் தைக்க வந்தவர், பேன்ட் குட்டையாக்க வந்தவர், வழி கேட்க வந்தவர் என்று ஒருவரையும் விடாமல் சொன்னார்: "வெளிநாட்டுத் தையல்காரனே என் அளவுக்கு வர மாட்டானாம். லிஃப்ட்காரத் தம்பி அங்கேருந்து கூப்பிட்டுச் சொல்லுது." அந்த நன்றிக்கடனுக்காகத் துணி அளக்கிற கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, தம்பி வீட்டுப் பின்பக்கம் ஸ்டூல் போட்டுக் காவலுக்கும் உட்கார்ந்துவிட்டார்.

மெக்கானிக்கைத் திருடன் பயம்கூட அவ்வளவு படுத்தவில்லை. கீழே வீடு நன்றாக நடந்துகொண்டிருந்ததுதான் அவரைப் படுத்தியது. தன்னைத் தவிர யாருக்கும் அடங்காது என்று அவர் பெருமையடித்துக்கொண்டிருந்த குழாயை மனைவி ஒரு ரப்பர் துண்டு வைத்துச் சரிசெய்துவிட்டாள். இருவரும் சாயங்காலம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள், பேசினார்கள், சிரித்தார்கள். ஒருவர்கூட அவர் பேரை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் மகள் வரலாற்றுப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். எந்த ராஜா யாரோடு சண்டை போட்டான் என்று. மெக்கானிக் தரையில் படுத்து, காதை அதில் ஒட்டவைத்துப் பாடம் முடிகிறவரை கேட்டார். அந்த ராஜாக்கள் யாரும் அவருக்குச் சொந்தமில்லை. ஆனாலும் கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் வந்தது.

மறுநாள் வாசலில் கம்பெனி கார் வந்து நின்றது. மேனேஜர் இறங்கினார். மெக்கானிக் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டார்.

"எங்கேம்மா அவன்?" என்று கீழே கேட்டது.

"வெளிநாடு போயிட்டார் சார்."

"நான் இன்னும் அனுப்பவே இல்லையே. தெருவுல எல்லாரும் சொல்றாங்கன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார், நம்பலை. நிஜம்தானா? எந்தக் கம்பெனிக்குப் போனான்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். போயிட்டார். டீ குடிக்கறீங்களா?"

மெக்கானிக்குக்கு உலகம் சுற்றியது. மேனேஜருக்கு ஃபோன் போட்டார்.

"சார், நான் எங்கயும் போகலை சார். எங்க வீட்டு மாடியிலதான் இருக்கேன்."

"யோவ், நான் உன் வீட்டு ஹால்ல உக்காந்து உன் சம்சாரம் போட்ட டீயைக் குடிச்சுக்கிட்டிருக்கேன். அவங்க நீ வெளிநாட்டுல இருக்கேங்கறாங்க. நான் யாரை நம்பறது?"

"என்னை நம்புங்க சார்."

"அப்ப இறங்கி வா."

"இறங்கினா நான் வெளிநாடு போக முடியாது சார்."

"இறங்கலைன்னாலும் போக முடியாது. உன் பேரை அடிச்சுட்டு வேற ஆளைப் பாத்துக்கறேன். இந்த டீ முடியற வரைக்கும்தான் உனக்கு டைம்."

ஃபோனில் டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பெரிய உறிஞ்சலாக இருந்தது.

மெக்கானிக் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். படியில் கால் வைத்தால் போச்சு. வைக்காவிட்டாலும் போச்சு. இன்னொரு உறிஞ்சல். அப்போதுதான் மூளையில் பளிச்சென்றது. படியில்தானே கால் வைக்கக் கூடாது? பின்பக்க ஜன்னலை ஒட்டி மழைத் தண்ணீர்க் குழாய் இருக்கிறதே. அதில் இறங்கி, சுற்றி வந்து, காருக்குப் பக்கத்தில் மேனேஜரைப் பிடித்துக்கொண்டால் ஆயிற்று. ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டியவர் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சறுக்கினார். உள்ளங்கைத் தோலில் பாதி குழாயிலேயே தங்கிவிட்டது. கால் தரையைத் தொடும் முன்பே யாரோ இடுப்பைச் சேர்த்துப் பிடித்தார்கள்.

"மாட்டினியாடா," என்றார் தையல்காரர்.

"அண்ணே, நான்தாண்ணே. லிஃப்ட்காரன்."

"யாருகிட்டக் கதை விடறே? அந்தத் தம்பி வெளிநாட்டுல இருக்கு. அதுகூட நான் ஃபோன்ல பேசியிருக்கேன். முகத்தை அதே மாதிரி வெச்சுக்கிட்டா ஏமாந்துடுவேனா?"

சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தார். சத்தம் கேட்டு மேனேஜர், மனைவி, மகள் எல்லாரும் வெளியே வந்தார்கள். காரில் சாய்ந்து நின்ற டிரைவரும் நிமிர்ந்து பார்த்தார்.

"தங்கச்சி, இது யாருன்னு பாருங்க."

மனைவி அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். முட்டைக் கரி பிடித்த மூக்கு, நாலு நாள் தாடி, தோல் உரிந்த கை. உதடு லேசாகத் துடித்தது. கோபமா வேறெதுவுமா என்று மெக்கானிக்குக்குப் புரியவில்லை.

"தெரியலையேண்ணே. எங்க வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்கார்."

"போதும்மா," என்றார் மெக்கானிக். "நான் தோத்துட்டேன். சார், வேலை வேண்டாம்னு இப்பவே எழுதிக் கொடுத்துடறேன். நான் இல்லாம இவங்க எப்படி இருப்பாங்களோன்னுதான் பயந்தேன். இவங்க நல்லாத்தான் இருக்காங்க. எனக்குத்தான் முடியலை. என் பொண்ணு பாடம் படிக்கறதைத் தரையில காதை வெச்சுக் கேட்டுக்கிட்டுக் கிடந்தேன் சார். ஒரு மாடி ஏறிப் போயே என்னால இருக்க முடியலையே, கடல் தாண்டிப் போய் எப்படி இருப்பேன்?"

தையல்காரர் மெதுவாகச் சட்டையை விட்டார். மகள் ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மனைவி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடியும் கழற்றினார். டிரைவரைப் பார்த்தார்.

"பேசாம இவரையே அனுப்பிடுங்க சார்," என்றார் டிரைவர். "அவங்கவங்க சம்சாரத்துக்கிட்டச் சொல்லி நாம ஒத்திகைன்னு மாடியில ஏத்தி வெச்ச மத்தவங்க எல்லாம் முதல் நாளே குழாயைப் பிடிச்சு இறங்கிட்டாங்க, இவர் ஒருத்தர்தான் நாலு நாள் தாக்குப்பிடிச்சிருக்கார்."