தொண்ணூற்றைந்து கெட்டித்தனம்

காலடிப்பேட்டை,
14 அக்டோபர் 2003, செவ்வாய் மாலை.

கர்த்தருக்குள் அன்பான மகன் ரெஜிக்கு,

உன் பெரியம்மா தேவகிருபை எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் இங்கே நான் சுகம். கோயம்புத்தூரில் நீயும் உன் மனைவி மக்களும் அதே தயவில் சுகமாக இருக்கக் காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் என் பல் செட் பழுது பார்க்கப் போயிருக்கிறது. அது இல்லாமல் நான் யாரிடமும் பேசுவதில்லை.

உன் அம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சிலுவையம்மாள் என் கொழுந்தன் மனைவி. கான்வென்டில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். அவளுக்கு எந்த நன்மை வந்தாலும் நான் சந்தோஷப்படுகிறவள்தான், ஆனால் சந்தோஷத்துக்கும் ஓர் அளவு உண்டு. அறுப்பின் பண்டிகைக்கு நாசரேத்திலிருந்து பிரசங்கம் செய்ய வருகிற போதகர் ஐயரை எழும்பூர் ஸ்டேஷனில் எதிர்கொண்டு, முன் சீட்டில் உட்கார வைத்துச் சபைக்கு அழைத்து வருவது உன் பெரியப்பா ராயபுரத்தில் கடை திறந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டு வழக்கம். இந்த வீடுதான் மூத்த வீடு என்பதற்கு எனக்கு மிஞ்சியிருக்கிற ஒரே அடையாளம் அந்த முன் சீட்டு. போன வருடம் உன் அம்மா எனக்கு முன்னால் ஸ்டேஷனுக்குப் போய் நின்றுகொண்டு, “அக்கா வண்டி டொக்கு டொக்குன்னு அடிக்கும், ஐயருக்கு இடுப்பு வலி வேற, என் வண்டியில ஏறுங்க” என்று கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டும் ஒரே வருடத்து எஸ்டீம் கார், இரண்டும் வெள்ளை. எண்ணூர்ப் பக்கம் போகிற கன்டெய்னர் லாரிகள் கிழித்துப் போட்ட அதே சாலையில்தான் இரண்டும் ஓடுகின்றன. என்னுடையது மட்டும் ஏன் அடிக்கிறது? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாட்டுப் புத்தகத்தைத் தவறவிட்டதுபோல் குனிந்து அவள் காரின் அடியில் பார்த்தேன். சக்கரத்தைத் தாங்குகிற கைகளின் மூட்டில் என் வண்டிக்குக் கறுப்பு ரப்பர் புஷ் பிய்ந்து தொங்குகிறது, அவளுக்குச் சிவப்பாகப் புதிதாக ஏதோ மின்னுகிறது! பாலியூரித்தேனாம். பெற்ற பிள்ளை ரேஸ் கார் பட்டறையில் வேலை பார்த்தால் அம்மாவுக்குச் சிவப்பு புஷ், பெரியம்மாவுக்கு டொக்கு டொக்கு. இருக்கட்டும், நான் வருத்தப்படவில்லை.

உன்னிடம் போனில் கேட்டபோது நீ சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. “பெரியம்மா, தினம் ஓட்டுற வண்டிக்கு எழுபது கெட்டித்தனம் உள்ள புஷ் போதும். எஞ்சினத் தாங்குற மவுண்ட் ரப்பரே இருக்கட்டும், அதுதான் ஆட்டத்த உள்ளுக்குள்ளயே வாங்கிக்கும். நம்பர் ஏற ஏற இறுகும், தொண்ணூத்தஞ்சுலாம் ரேஸ் வண்டிக்கு.” எழுபதா? கணக்குப் பரீட்சையில் உன் அம்மா வாங்கியது எழுபது, அதற்கு மேல் அவள் ஏறியதே இல்லை. நான் தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கியது இல்லை. அவளுடைய மார்க்கை என் வண்டியில் மாட்டிக்கொண்டு நான் சபை வாசலில் இறங்குவதா? உனக்குச் சொல்லாமல் உன் முதலாளிக்கே எழுதினேன். சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் எல்லாமே தொண்ணூற்றைந்து, கறுப்பு நிறம், இரண்டு செட். எதையும் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைப்பது என் பழக்கம்.

தண்டையார்பேட்டை டில்லிபாபு பட்டறையில்தான் மாட்டினோம். அவன்தான் இரண்டு வீட்டு வண்டியையும் பார்க்கிறவன். கையில் வாங்கித் தட்டிப் பார்த்தான். “கல்லு மாரி கீதும்மா. உன் ஆயுசுக்கும் தேயாது” என்றான். அதனோடு ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பசை வந்திருந்தது. அதை அவன் புத்தம் புது சாமான் மேலெல்லாம் அப்பினான். மாட்டுவதற்கு முன்பே அழுக்காவதா? சுத்தமாகத் துடைக்கச் சொன்னேன். “யம்மா, அத்த தொடச்சா கத்தும்மா” என்றான். என் வீட்டுப் பொருள் எதுவும் இதுவரை கத்தியதில்லை என்று சொல்லி, பக்கத்தில் நின்று துடைக்க வைத்தேன்.

எஞ்சினை முடுக்கியதும் கண்ணாடியில் என் முகம் நாலாகத் தெரிந்தது. அதை நான் உறுதி என்று எடுத்துக்கொண்டேன். டிரைவர் பக்தவச்சலம்தான் அலுத்துக்கொண்டே இருந்தார். “இன்னாம்மா இது, ஸ்டீரிங்க புட்ச்சா கை மரத்துப் பூடுது. சிக்னல்ல நின்னா பக்கத்து ஆட்டோக்காரன், இன்னா மாமு உள்ள மாவு அரைக்கிறியான்றான்.” போதாததற்கு ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியின் அடியிலிருந்து ஒரு கிறீச். பழகினால் சரியாகிவிடும் என்றேன்.

வெள்ளிக்கிழமை ரயில் வருவதற்கு வெகுநேரம் முன்பே எழும்பூருக்குப் போய் நின்று ஐயரைப் பிடித்துவிட்டேன். முன் சீட்டில் உட்கார்ந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபிக்கிறார் என்று எனக்கு நிறைவாக இருந்தது. பிறகுதான் பார்த்தேன், மேலே இருக்கிற கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றியிருக்கிறார். ஹைரோட்டில் லாரி வரிசை என்று பக்தவச்சலம் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் திருப்ப, அங்கே கூட்ஸ் வண்டி நின்று மானத்தை வாங்கியது. நின்ற இடத்திலேயே கார் நடுங்குகிறது. ஐயர் எழுதி வைத்திருந்த பிரசங்கத் தாள்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து அவர் காலடிக்குப் போகின்றன. “அ...அம்மா, வ...வண்டிக்கு உடம்பு ச...சரியில்லையா?” என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மேல் வரிசையும் கீழ் வரிசையும் மோதி, என் பல் செட் இரண்டாகப் பிளந்தது. அதற்குப் பிறகு சபை வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

இறங்கியதும் ஐயர் உன் அம்மா கொடுத்த காபியை ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்துவிட்டு, சபைக் குருவானவர் வீட்டுக்கு அவள் வண்டியில் போனார். மறுநாள் அவள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “ஐயர் என் வண்டியில அசந்து தூங்கிட்டாங்க அக்கா” என்றாள். நான் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பண்டிகைக் காணிக்கைப் பொருள் ஏலத்தில் முதல் வாழைத்தார் எங்கள் வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். பல் இல்லாமல் கேட்க முடியாது என்று கையைத் தூக்கினேன், ஏலம் விட்டவர் அதை வணக்கம் என்று நினைத்துத் திருப்பி வணக்கம் சொல்லிவிட்டார். தார் உன் அம்மாவுக்குப் போனது. இன்று மாலை ஐயரை ரயிலேற்றுகிறவளும் அவள்தான். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன தெரியும், முன் சீட்டுதானே தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஐயர் கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கு மறுபடியும் வருகிறார். அதற்குள் எஞ்சினுக்குப் பழையபடி ரப்பர் மவுண்டும், சக்கரத்துக்கு நீ சொன்ன அந்தக் குறைந்த மார்க் புஷ்ஷும் கூரியரில் அனுப்பு. பெட்டியின் மேல் பாட்டுப் புத்தகங்கள் என்று எழுது. எழுபது என்ற எண்ணை எங்கும் போடாதே. நீ சொன்னது சரி என்று இதில் நான் எங்கேயும் எழுதவில்லை என்பதையும் கவனித்துக்கொள். உன் அம்மாவுக்கு ஒரு வார்த்தை போகக்கூடாது.

உன் கையின் வேலைகளை ஆண்டவர் வாய்க்கப் பண்ணுவாராக. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், உன் மனைவிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உன் பெரியம்மா
தேவகிருபை வேதமாணிக்கம்

பி.கு.: வியாழன் காலை. பல் செட் வந்துவிட்டது. உறையை ஒட்டப் போகும்போது தெருமுனையில் கிறீச் என்று ஒரு சத்தம். பக்தவச்சலம் என்னைக் கேட்காமல் வண்டியை எடுத்துவிட்டார் என்று ஜன்னலுக்கு ஓடினால், என் வண்டி வாசலில் நிற்கிறது. வந்தவள் உன் அம்மா. திங்கட்கிழமையே டில்லிபாபுவிடம் போய், “அக்காவுக்குத் தொண்ணூத்தஞ்சு, எனக்கு மட்டும் எழுபதா?” என்று கேட்டு, அவனிடம் நான் கொடுத்து வைத்திருந்த இரண்டாவது செட்டை எஞ்சின் உட்பட மாட்டிக்கொண்டாளாம். அக்கா துடைத்தாள் என்று பசையையும் துடைக்கச் சொன்னாளாம். ஐயர் நேற்று முன்தினம் கொருக்குப்பேட்டை கேட்டிலேயே இறங்கி, நடந்தால் இடுப்புக்கு நல்லது என்று சொல்லி மின்சார ரயிலைப் பிடித்துவிட்டார் என்று அவள் டிரைவர் மஜீது பக்தவச்சலத்திடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். நான் கொடுத்த காபி டம்ளர் அவள் கையில் தந்தியடித்தது. “வண்டி பஞ்சு மாதிரி போகுதுக்கா” என்றாள். “என்னுதும் அப்படித்தான் போகுது” என்றேன்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. ரப்பர் அனுப்பாதே. அவள் கழற்றுகிற வரைக்கும் நான் கழற்றுவதாக இல்லை. காரில் ஏறுமுன் பல் செட்டைக் கைப்பையில் வைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதானே. உன் முதலாளியிடம் நூறு கெட்டித்தனத்தில் ஏதாவது வைத்திருக்கிறாரா என்று மட்டும் விசாரித்து எழுது. இந்த முறை ஒரே ஒரு செட் போதும்.