தையல்காரர் போட்டுக்கொண்ட ஊசி

அன்று காலை நான் ஒரு முடிவுக்கு வந்தேன். உலகமே திரண்டு வந்தாலும் சரி, என் கையில் எவரும் ஊசி ஏற்ற முடியாது.

சிரிக்காதீர்கள். நான் தையல்காரன்தான். முப்பத்தைந்து வருஷமாக ஊசியோடுதான் குடித்தனம். ஆனால் ஊசி என் கையில் இருந்தால் தொழில். நர்ஸ் கையில் இருந்தால் ஆயுதம். இந்த வித்தியாசம் உங்களுக்குப் புரியும். என் மனைவிக்குத்தான் புரியாது.

கொள்ளைநோய் வந்து கடைகள் பாதிநாள் மூடிக் கிடந்த காலம் அது. முகக்கவசம் மட்டும்தான் தைத்தேன். தைத்துக்கொண்டே ரேடியோ கேட்டதில், அந்த நோயைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றாகிவிட்டது. எதிர்வீட்டுத் தச்சர், "ரெண்டு தும்மல் வந்தா நோய், மூணு வந்தா தூசி" என்று சொல்லித் திரிந்தார். அவரை உட்காரவைத்து அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மூன்று தடவை தும்மிக் காட்டிவிட்டுப் போனார்.

அப்போதுதான் மகள் போன் செய்தாள். பேத்தி பிறந்து இருபது நாள். நான் போட்டோவில்தான் பார்த்திருந்தேன்.

"அப்பா, ஊசி போட்டவங்கதான் பாப்பாவைத் தூக்கலாம். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

"நல்லா குளிச்சிட்டு வர்றேம்மா."

"குளிச்சா அழுக்குதாம்பா போகும்."

பேத்தி வேண்டும். ஊசி வேண்டாம். இரண்டையும் ஒரே தையலில் இணைத்துவிடலாம் என்று திட்டம் போட்டேன். மறுநாள் என்னுடைய நல்ல முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, "ஊசி போட்டுக்கிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினேன். மனைவி உடனே கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கண் பாதி திறந்திருந்ததோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நேரே என் கடைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். சட்டையைக் கழற்றினேன். டேப் வைத்து, தோளிலிருந்து சரியாக நாலு அங்குலம் அளந்து ஒரு பிளாஸ்திரி ஒட்டினேன். தொழில் சுத்தம் முக்கியம். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு முனகியபடி வீடு திரும்பினேன்.

"ரொம்ப வலிக்குதாங்க?"

"ம்ம்... பொறுத்துக்கறேன்."

சூடாகப் பால் கொடுத்தாள். தலையணையைச் சரிசெய்தாள். மூன்று நாள் ஒரு வேலையும் வாங்கவில்லை. மனசாட்சி லேசாகக் குத்தியது. ஊசியைவிடப் பரவாயில்லை என்று புரண்டு படுத்தேன்.

நாலாம் நாள், சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். நோயைப் பற்றி மக்களுக்கு என்ன தெரியும், என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறாளாம். இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் தாயே என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"இருமல் வந்தா என்ன செய்யணும், ஐயா?"

"முழங்கையை மடக்கி வாயை மூடணும்."

"நோய் எப்படிப் பரவும்?"

சொன்னேன். அவள் பக்கம் திருப்பி எழுதும் அளவுக்குச் சொன்னேன்.

"இருபதுக்கு இருபது ஐயா! இந்தத் தெருவுலயே நீங்கதான்."

"எதிர்வீட்டுக்கு எவ்வளவும்மா?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது ஐயா" என்றாள். சிரிப்பை அடக்கியதில் உதடு துடித்தது. "தடுப்பூசி பத்தி என்ன நினைக்கிறீங்க?"

"ஊசிக்குப் பயப்படறவன் மனுஷனே இல்ல. கொட்டை எழுத்துல எழுதிக்கோ."

அடுப்படியில் கரண்டி விழுந்தது.

"நீங்க போட்டுக்கிட்டீங்களா?"

"ஆ... ஆச்சு."

முந்தானையில் கையைத் துடைத்தபடி மனைவி வந்தாள். "பாத்தியாம்மா, எவ்வளவு தைரியம்! தெருவுல பதினோரு பேர் பயந்துகிட்டு உக்காந்திருக்காங்க. நாளைக்கு ஊசி முகாமுக்கு அவங்களை இவரே கூட்டிட்டு வருவாரு. பக்கத்துல நின்னு ரெண்டு வார்த்தை பேசினா போதும், இல்லீங்க?"

பேசத்தானே? பேச்சுக்கு நான் என்றைக்குப் பயந்தேன்?

மறுநாள் அவளே அரைக்கைச் சட்டை எடுத்து வைத்திருந்தாள். போட்டுக்கொண்டேன். பதினோரு பேரையும் ஊர்வலமாகப் பள்ளிக்கூட முகாமுக்கு அழைத்துப் போனேன். மனைவியும் கூடவே வந்தாள். வழியெல்லாம் சொற்பொழிவு. முதல் ஆளாகத் தச்சரை உட்காரச் சொன்னேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"அண்ணே, நீங்க போட்டதை யாரு பாத்தா? எங்க கண்ணெதிர போடுங்க. அப்புறம் நாங்க."

பதினோரு தலையும் ஆடின. நான் மனைவியைப் பார்த்தேன். "எனக்குத்தான் ஆச்சே! நீயே சொல்லேன்!"

அவள் என் காதருகே குனிந்தாள்.

"அன்னிக்குப் போட்டுட்டுப் போனது முழுக்கைச் சட்டை. நீங்க தைச்ச சட்டை. கை அவ்வளவு பிடிப்பு, முழங்கைக்கு மேல சுருட்ட வராது. பொத்தான் தைச்சவ நான். நாலு பேர் முன்னாடி கழட்டியிருக்கவும் மாட்டீங்க. பனியன்ல ரெண்டு ஓட்டை."

நான் சட்டைக் காலரை இழுத்துப் பனியனை மறைத்தேன்.

"எனக்கு ரெண்டு ஊசியும் போட்டு மாசமாச்சு. நானும் இன்னும் பாப்பாவைத் தூக்கலைங்க. உங்களை விட்டுட்டு நான் மட்டும் எப்படிப் போவேன்? உங்களுக்குச் சர்க்கரை வேற இருக்கு. தினமும் கடவுள்கிட்ட உங்க பேரைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

அவள் கண் கலங்கியிருந்தது. உட்கார்ந்தேன். கண்ணை இறுக மூடி, என்றும் இல்லாத பக்தியோடு வேண்டிக்கொண்டேன்.

"எப்பம்மா போடுவே?" என்று நர்ஸைக் கேட்டேன்.

"போட்டு ரெண்டு நிமிஷம் ஆச்சுங்க ஐயா. எந்திரிங்க, ஆள் நிக்குது."

எறும்பு கடித்த அளவுகூட இல்லை! எழுந்து மார்பை நிமிர்த்தினேன். தச்சர் கைதட்டினார். பதினோரு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

திரும்பும் வழியில் சொன்னேன். "அப்பாடா! முடிஞ்சுது. இனி நேரா பேத்திதான்."

மனைவி என் ஊசி அட்டையைப் பத்திரமாகப் பையில் வைத்தாள்.

"முதல் ஊசின்னுதான் நர்ஸ்கிட்ட நேத்தே சொல்லி எழுத வெச்சேன். நாலு வாரத்துல ரெண்டாவது. அதையும் போட்டாதான் பாப்பா."

"அதுக்கும் நான்தான் எல்லாரையும் கூட்டிட்டுப் போகணுமா?"

"இல்லீங்க. தச்சர் அண்ணன் உங்களைக் கூட்டிட்டுப் போறாராம். நீங்க கண்ணை மூடிக்கிட்டு நடுங்கினதை அவர் பாத்துட்டாரு."