கடை சிறப்பாக இயங்கி வருகிறது

உங்கள் ஊர் நடுவில் பழைய கடை வளாகம் ஒன்று இருக்கிறதா? மேலே கண்ணாடிக் கூரை, நடுவில் நீளமான நடை, இரண்டு பக்கமும் ஷட்டர் போட்ட கடைகள், கடைக்கோடியில் தண்ணீர் வராத ஒரு நீரூற்று? இருந்தால் நான் சொல்லப்போவது உடனே புரிந்துவிடும். இல்லையென்றால் நன்றாகத் தேடிப் பாருங்கள். இருக்கும். நீங்கள் அந்தப் பக்கம் போய் நாளாகியிருக்கும், அவ்வளவுதான்.

எங்கள் வளாகத்தில் கடைகள் நாற்பது. பதினேழாம் எண் என்னுடையது. பேண்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பு பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவது, இளைத்தவர்களுக்குப் பிடித்துவிடுவது எல்லாம் செய்கிறேன். பிடிக்கச் சொல்லி வந்தவர்கள் இதுவரை இரண்டு பேர். என் மகள் பாப்பாவுக்கு மூன்று வயது. வெட்டும் மேசைக்குக் கீழே உட்கார்ந்து பட்டன்களை நிறம் பிரிப்பது அவள் வேலை. வீட்டில் இந்த மெஷினைப் போட இடமில்லை. போட வேண்டுமென்றால் கட்டிலை வெளியே எடுக்க வேண்டும். கட்டிலில் படுப்பவர் என் கணவர். அவரையும் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே கடை இருந்தால்தான் தையல், தையல் இருந்தால்தான் நாங்கள்.

நாற்பதில் முப்பத்தொன்று மூடிக் கிடந்தன. இது நகர அலுவலகத்துக்குப் பத்து வருடமாகத் தெரியாது. ஒருநாள் தெரிந்துவிட்டது. உடனே "வளாகப் பொலிவு அலுவலர்" என்று ஒருவரை நியமித்தார்கள். நாங்கள் அவரைப் பொலிவு சார் என்று கூப்பிட்டோம். அவர் வந்த மூன்றாம் நாள் சுற்றறிக்கை வந்தது. "மூடிய ஷட்டர்கள் பொதுமக்கள் மனத்தில் சோர்வை உண்டாக்குவது அலுவலகத்தின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளபடியால், மேற்படி சோர்வை அகற்றும் பொருட்டு, மேற்படி ஷட்டர்களின் மீது திறந்த கடைகளின் படங்கள் ஒட்டப்படும்."

ஒட்டினார்கள். ஒரே நாளில் முப்பத்தொரு கடை திறந்துவிட்டது. பேக்கரி, பூக்கடை, புத்தகக் கடை, ரெடிமேட் கடை, சலவைக் கடை. ஆளுயரத்துக்கு ஸ்டிக்கர். ஒவ்வொரு படத்திலும் ஒருவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். எங்கள் ஊரில் யாருக்கும் அத்தனை பல் கிடையாது.

மறுநாளே ஒரு அக்கா பேக்கரிப் படத்தைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

"நாலு பன் குடுங்க. ஏங்க, எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"அக்கா, அது படம்," என்றேன்.

"படமா? அப்ப ஏன் உள்ள லைட் எரியுது?"

"லைட்டும் படம்தான் அக்கா."

அவள் என்னை நம்பவில்லை. படத்தின் அடியில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். அது அலுவலகத்து எண். ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது: "கடை சிறப்பாக இயங்கி வருகிறது. வேற ஏதாவது உதவி வேணுமா?"

"பன் வேணும்மா."

"குறிச்சுக்கிட்டோம்."

உண்மையிலேயே குறித்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் பேக்கரிப் படத்தின் மேல் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. வாடிக்கையாளரை நிற்கவைத்தது குறித்து ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். பேக்கரிக்காரர் சிரித்துக்கொண்டே இருந்தார். ஏழாம் நாள் பொலிவு சார் வந்து கோப்பில் எழுதினார்: "விசாரணை முடிந்தது. கடைக்காரர் இன்முகத்துடன் ஒத்துழைத்தார்."

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. தர ஆய்வு என்று படிவத்தைத் தூக்கிக்கொண்டு வரும்வரைக்கும்.

படிவத்தில் நான்கே கேள்வி. தரையில் குப்பை உண்டா? விளக்கு எரிகிறதா? வாடிக்கையாளர் காத்திருக்க நேர்கிறதா? கடைக்காரர் சிரிக்கிறாரா? படக்கடைகள் முப்பத்தொன்றும் நூற்றுக்கு நூறு. அங்கே குப்பை இல்லை, விளக்கு அணைவதில்லை, யாரும் காத்திருக்கவில்லை, சிரிப்புக்குக் குறைவே இல்லை. பிறகு பொலிவு சார் என் கடைக்கு வந்தார். அப்போது என் வாயில் நான்கு குண்டூசி.

"சிரிக்கிறீங்களாம்மா?"

"ம்ம்."

"ம்ம்னா ஆமாவா, இல்லையா?"

"ம்ம்ம்."

'இல்லை' என்று எழுதிவிட்டார். நான் ஊசிகளை எடுத்துவிட்டுச் சொன்னேன்: "வாயில குண்டூசி சார். சிரிச்சா தொண்டைக்குள்ள போயிடும்."

"படத்துல இருக்கிறவங்க யாரும் வாயில குண்டூசி வைக்கிறதில்லையே."

"அவங்க யாரும் தைக்கிறதில்லையே சார்."

"அதனாலதான் அங்க சுத்தமா இருக்கு," என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். எனக்கு முப்பத்தைந்து மதிப்பெண். தரையில் கிடந்த நூல் துண்டுக்கு மட்டும் இருபத்தைந்து போய்விட்டது.

அடுத்த உத்தரவு வந்தது. தொண்ணூறுக்குக் கீழே எடுத்த கடைகள் பதினைந்து நாளில் திருந்த வேண்டும். திருந்தாத கடைகள் "படமாகத் தரம் உயர்த்தப்படும்."

நிஜக் கடைகள் மிச்சம் ஒன்பதுதான், அதில் ஏழு பேர் சண்டை போடாமல் உயர்ந்துவிட்டார்கள். கடிகாரக் கடைக்காரர் தன் படத்துக்கு முன்னால் நின்று மீசை சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். படத்தில் எல்லாக் கடிகாரமும் ஒரே நேரம் காட்டின. நிஜக் கடையில் அது ஒருநாளும் நடந்ததில்லை.

மிச்சம் இருந்தது நானும், எதிர்க்கடை செருப்புக்கடை அண்ணனும்தான். அண்ணன் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

"படம் மாதிரி இருக்கணும், அவ்வளவுதானே? இருந்துட்டுப் போறேன்," என்றார்.

அன்றிலிருந்து கடை வாசலில் நின்றார். ஒரு கையில் செருப்பு, மறு கை வாருங்கள் என்று நீட்டியபடி, முகத்தில் ஒரே சிரிப்பு. அசையவே மாட்டார். மறு ஆய்வில் அவருக்குத் தொண்ணூற்றெட்டு. கண் சிமிட்டியதற்கு இரண்டு பிடித்துக்கொண்டார்கள். ஆனால் வருகிறவர்கள் அவரையும் படம் என்று நினைத்துத் தாண்டிப் போனார்கள். ஒரு பெரியவர் அவர் மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல பிரிண்ட்டு," என்றார்.

பிற்பகலில் அலுவலகத்துக்காரர்கள் போன பிறகு அண்ணன் தாடையைத் தடவிக்கொண்டே உட்காருவார்.

"கன்னம் ரெண்டும் கல்லு மாதிரி ஆயிடுச்சும்மா. சரி, பாப்பா செருப்புல வார் அறுந்துடுச்சே, காலைக் கொண்டா, அளவு பாக்கலாம்."

"நாளைக்குக் கூட்டிட்டு வரேண்ணே."

நடுவில் இருந்தது ஏழு அடி. நான்கு நாளாக நாளைக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். தையல் குவிந்து கிடந்தது. தவிர, போனில் ஒரு சின்ன வேலையை முடித்து வைத்திருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

பதினைந்தாம் நாள் காலை. வளாகம் புத்துயிர் பெற்றதைத் திறந்து வைக்கப் பெரிய அதிகாரி வருகிறார் என்று ரிப்பன் கட்டினார்கள். நான் சீக்கிரமே வந்து, பாப்பா வெளியே ஓடிவிடக் கூடாது என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன். மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. திடீரென்று இருட்டியது. ஷட்டரை முழுக்க இழுத்து வெளியே தாழ் போட்டு, மேலே ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்கள்.

பொலிவு சாருக்குப் போன் போட்டேன்.

"சார், நான் உள்ள இருக்கேன்!"

"எதுக்குள்ளம்மா?"

"படத்துக்குள்ள!"

"ஒட்டின படத்தைக் கிழிக்க எனக்கு அதிகாரம் இல்லையேம்மா. ஒட்டறதுக்குத்தான் தீர்மானம் இருக்கு. கிழிக்கணும்னா தனியாத் தீர்மானம் போடணும். தண்ணி இருக்கா?"

"இருக்கு."

"லைட்டு?"

"இருக்கு."

"அப்புறம் என்னம்மா," என்று வைத்துவிட்டார்.

எனக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. ஆனால் பாப்பா பயப்படவில்லை. பச்சைப் பட்டனை என்னிடம் காட்டி, "இது பச்ச," என்றாள். ஷட்டருக்கு மேலே காற்றுக்கு வழி இருந்தது. சரி, இருக்கிற வேலையைப் பார்ப்போம் என்று விளக்கைப் போட்டுக்கொண்டு மறுபடி தைக்க உட்கார்ந்தேன். கடை போகப்போகிறது என்றால் கடைசி பேண்ட்டையாவது முடித்துக் கொடுக்க வேண்டுமல்லவா?

பத்தே முக்கால் இருக்கும். வெளியே 'டர்ர்' என்று ஒரு சத்தம். அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். பேண்ட்டின் பின்தையல் கிழிகிற சத்தம். குனிந்து ரிப்பனைச் சரிசெய்திருக்கிறார் யாரோ. அதைத் தொடர்ந்து ஓடுகிற கால் சத்தம்.

முதலில் ரெடிமேட் கடைப் படத்தைத் தட்டினார். "யாராவது இருக்கீங்களா?" பிறகு சலவைக் கடைப் படத்தை. குரல் பொலிவு சாருடையது. அந்த இரண்டு படத்தையும் அவரே நின்று ஒட்டவைத்தவர். பதற்றத்தில் மனிதனுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. அடியில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டிருக்க வேண்டும்.

"ஹலோ! நான்தான்மா பேசறேன், பொலிவு அலுவலர்! எனக்கு அவசரமா ஒரு பேண்ட்... என்னது? சிறப்பா இயங்குதா? எனக்குத் தெரியாதாம்மா, அந்த வாக்கியத்தை எழுதினதே நான்தானே! குறிச்சுக்காதே! எதையும் குறிச்சுக்காதே!"

அப்போதுதான் அவர் காதில் என் மெஷின் சத்தம் விழுந்தது. ஷட்டரைத் தட்டினார்.

"அம்மா! அம்மா! உள்ள இருக்கியா?"

நான் குரலை இனிமையாக்கிக்கொண்டேன். "கடை சிறப்பாக இயங்கி வருகிறது. வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

"விளையாடாதம்மா! பின்னாடி கிழிஞ்சுபோச்சு! பெரிய அதிகாரி வாசலுக்கு வந்துட்டாரு!"

"படத்தைக் கிழிக்கத் தீர்மானம் இருக்கா சார்?"

"இப்பப் போட்டுட்டேன்! அவசரத் தீர்மானம்!" என்று சொல்லிக்கொண்டே ஸ்டிக்கரை இரு கையாலும் பிய்த்து, தாழை நீக்கி ஷட்டரைத் தூக்கினார். பிறகு பார்த்தேன், படத்தில் இருந்த தையல்காரி அழகாகத்தான் இருந்தாள். கழுத்தில் இன்ச் டேப், கையில் ஊசிகூட இல்லை.

சாரைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, பேண்ட்டை வாங்கி, குண்டூசிகளை வாயில் வைத்துக்கொண்டு இரட்டைத் தையல் போட ஆரம்பித்தேன். பாதிகூட முடியவில்லை, பெரிய அதிகாரி அறுபது பேரோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்.

நான் நிமிரவில்லை. மெஷின் ஓடியது. கீழே நூல் துண்டுகள். மேசைக்கடியில் பாப்பா, மூக்கு ஒழுகிக்கொண்டு. திரைக்கு மேலே பொலிவு சாரின் தலை, கீழே இரண்டு வெறுங்கால்கள்.

பெரிய அதிகாரி வாயைப் பிளந்தார். "அடடா! எவ்வளவு தத்ரூபம்! மத்த படமெல்லாம் செத்துக் கிடக்கு, இதுல உயிர் இருக்கு பாருங்க. குழந்தைக்கு மூக்கு ஒழுகறதுகூட விடலை. யார் பண்ணினது இந்தப் படத்தை?"

திரைக்கு மேலிருந்த தலை சொன்னது: "நம்ம அலுவலகம்தான் சார்."

"நீங்க ஏன் அதுக்குள்ள நிக்கிறீங்க?"

"வாடிக்கையாளர் இல்லாம படம் முழுமையா வராது சார்."

கைத்தட்டல். அங்கேயே உத்தரவு போட்டார்கள். பதினேழாம் எண் "முதல் தர நேரடிப் படம்" என்று பதிவு செய்யப்படுகிறது. அதை எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது. அலுவலகக் கோப்பின்படி நானும் பாப்பாவும் இன்றைக்கும் படம்தான். கோப்பு எப்படியோ போகட்டும், கட்டில் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அறுபது பேரும் என் கடை முன்னால் நின்று போனில் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் சட்டையில் இரண்டாவது பட்டன் இல்லை. அந்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்தார். "உள்ள வாங்க, ரெண்டு நிமிஷத்துல வச்சுத் தரேன்," என்றேன். "அட, பேசவும் செய்யுது!" என்று இன்னொரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

கூட்டம் கலைந்ததும், நல்ல சேதியை முதலில் அண்ணனிடம் சொல்லலாம் என்று பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்த ஏழு அடியைக் கடந்தேன்.

எனக்கு முன்னால் ஒருவர் அங்கே நின்றார். முதுகில் பெரிய பையோடு பார்சல் கொண்டுவருகிறவர். "பதினேழாம் நம்பர் எது?" என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் சிரித்தபடியே நின்றார், ஆய்வு நேரம். வந்தவர் ஒரு கணம் யோசித்தார். நீட்டியிருந்த கையில் பெட்டியை வைத்தார். சேர்ப்பித்ததற்குச் சாட்சியாக ஒரு போட்டோ எடுத்தார். போய்விட்டார்.

பெட்டியின் மேல் என் கடை எண். பக்கத்தில் உள்ளே இருப்பதன் படம்: குழந்தைச் செருப்பு, சிவப்பு.

அதுதான் போனில் முடித்து வைத்த அந்தச் சின்ன வேலை.

அண்ணன் கையிலிருந்து மெதுவாகப் பெட்டியை எடுத்தேன். அவர் கை அப்படியே நீண்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து பாப்பாவின் காலில் போட்டுப் பார்த்தேன். குதிகால் ஒரு விரல் அளவு வெளியே நின்றது. பாப்பா உதறிவிட்டாள்.

"அண்ணே," என்றேன். "இதுல ஒரு நம்பர் பெருசு இருக்கா?"

அண்ணன் உதடு அசையாமல், அந்தச் சிரிப்புக்கு நடுவிலிருந்து சொன்னார்: "கடை சிறப்பாக இயங்கி வருகிறது."

"அண்ணே..."

"குறிச்சுக்கிட்டோம்."

பாப்பா அவர் லுங்கியைப் பிடித்து இழுத்தாள். அவர் கண் மட்டும் கீழே போய் அவள் காலைப் பார்த்துவிட்டு மேலே வந்தது. இரண்டு மதிப்பெண் போயிருக்கும்.

"தப்புதாண்ணே, ஒத்துக்கறேன். திட்டுறதுன்னா நல்லாத் திட்டிடுங்க. ஆனா இப்படிச் சிரிச்சுக்கிட்டே நிக்காதீங்க. பிள்ளை வெறுங்கால்ல நிக்குது, கொஞ்சம் குனிஞ்சு அளவு பாருங்களேன்."