ஆணிப் பலகையும் முப்பத்திரண்டு கோர் மெஷினும்

மைன்ஸ் மட்டும் காலை ரயிலைத் தவறவிடுகிற ஆசாமியாக இருந்திருந்தால், உலகத்துக் கம்ப்யூட்டர்களில் பாதி இன்றைக்குத் திருடர்கள் கையில் இருந்திருக்கும். மீதிப் பாதி சுவிட்ச் போட்டவுடன் படுத்திருக்கும். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையில் நெஞ்சு நிமிர்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குப் பொறாமை. சாதாரணப் பொறாமை இல்லை, மத்தியானச் சாப்பாடு இறங்காத அளவுக்குப் பொறாமை.

பெங்களூரில் ஓல்டு மெட்ராஸ் ரோடு, பையப்பனஹள்ளிப் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். எனக்கு நேர் எதிர் மேஜை மைன்ஸுக்கு. கோலார் தங்கவயல்காரர். சேர்ந்த அன்று எந்த ஊர் என்று கேட்டதற்கு, "மைன்ஸ்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சுரங்கத்தை இழுத்து மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது, ஆனால் அவருக்கு ஊர் என்றால் அதுதான். அன்றிலிருந்து எங்களுக்கு அவர் பெயரும் அதுவாகிவிட்டது. தினமும் ரயிலில் வந்து ரயிலில் போவார். பெங்களூரில் வீடு பார்க்கலாமே என்று யாராவது சொன்னால், வீடு இங்கே வந்துவிட்டால் அப்புறம் வேலையை எங்கே உட்கார்ந்து செய்வது என்று கேட்பார். அப்போது அது எங்களுக்குப் புரியவில்லை.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்குள் கெர்னல் என்று ஒன்று உண்டு. எல்லா புரோகிராம்களுக்கும் மெமரியைப் பங்கு போட்டுக் கொடுப்பது அதன் பொறுப்பு. வேலை முடிந்ததும் வாங்கிய மெமரியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகும் பழைய நினைப்பில் அதைத் தொட்டால் ஆபத்து. அதற்குள் அந்த இடத்தில் வேறு யாராவது குடியேறியிருப்பார்கள். விவரமான திருடனாக இருந்தால், அந்த இடைவெளியில் தன் சரக்கை அங்கே வைத்துவிட்டு மொத்த மெஷினையும் தன் பேச்சைக் கேட்கவைப்பான். இப்படிப்பட்ட ஓட்டைகளைத் திருடனுக்கு முன்னால் கண்டுபிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு.

கண்டுபிடித்துச் சொன்னால், உலகம் முழுக்க ஓடும் அந்தக் கெர்னலின் திருத்தப் பதிவேட்டில் நம் பெயரை ஒரு வரி எழுதுவார்கள். யாராலும் அழிக்க முடியாத வரி. எனக்கு அந்த ஒரு வரி வேண்டும். சம்பள உயர்வு, பதவி, வெளிநாட்டுப் பயணம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். மூன்று வருஷமாக அந்த ஒரு வரிக்காகத் தவம் கிடந்தேன். மைன்ஸ் பெயரோ சந்தைக்குப் போய் வருவதுபோல அங்கே போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

அவர் வேலை செய்யும் லட்சணத்தைப் பார்த்தால் உங்களுக்கே கோபம் வரும். என்னிடம் முப்பத்திரண்டு கோர் மெஷின் ஒன்று இருந்தது, அதாவது ஒரே நேரத்தில் முப்பத்திரண்டு மூளை வேலை செய்கிற கம்ப்யூட்டர். மேலாளரிடம் ஆறு மாதம் கெஞ்சி வாங்கியது. அதில் ஃபஸ்ஸர் என்று ஒரு புரோகிராம் ராத்திரி பகலாக ஓடும். கண்டதையும் கடியதையும் கெர்னலுக்குத் தின்னக் கொடுத்து, எப்போது வாந்தி எடுக்கிறது என்று பார்ப்பதுதான் அதன் வேலை. மைன்ஸிடம் இருந்தது ஒரு பலகை. பூஜை அறையில் விளக்கு வைக்கிற பலகை அளவு. அதில் வரிசையாக ஆணி அடித்து, ஒவ்வொரு ஆணியிலும் ஹார்டுவேர் கடையில் வாங்கிய பித்தளை வாஷர் ஒன்று மாட்டியிருப்பார். பழைய விடுப்பு விண்ணப்பங்களின் பின்பக்கத்தில் கெர்னலின் புரோகிராம் வரிகளை அச்சடித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒரு வாஷரை எடுப்பார், இன்னொன்றை மாட்டுவார். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் ஜோசியம் பார்க்கிறார் என்று நினைத்துக் கையை நீட்டுவார்கள்.

இது என்ன கூத்து என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"எங்கப்பா டோக்கன் ஆபீஸ்ல இருந்தாரு சார்," என்றார். "சுரங்கத்துல எறங்குற ஆளு ஆணியிலேர்ந்து டோக்கன் எடுத்துக்கினு எறங்கணும். மேல வந்தா மாட்டணும். எல்லா ஆணியும் ரொம்பிட்சின்னா உள்ள ஆளு இல்ல, கேட்டை மூடலாம். மெமரியும் அதே தான் சார். யூஸ் பண்றவங்க டோக்கன் எடுக்கணும். ஆளு உள்ள இருக்கறப்போ கேட்டை மூடிட்டா அதான் பக், நாம தேடற ஓட்டை."

இவ்வளவுதானா என்று சிரித்தேன். கெர்னல் எழுதுகிறவர்களும் இப்படித்தான், யார் யார் ஒரு மெமரியைப் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணி வைப்பார்கள். அது எனக்கும் தெரியும். புத்தகத்தில் படித்துத் தெரியும். அந்த வாரமே அவர் ஒன்று கண்டுபிடித்தார், சிரிப்பு நின்றுவிட்டது.

இதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். சரோஜா அக்கா விஷயத்தைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

சரோஜா அக்கா எங்கள் மாடியைப் பெருக்கித் துடைப்பவர். அவரும் தங்கவயல், அதே ரயில், அதே பெட்டி. கெர்னலில் ஒரே நேரத்தில் இரண்டு கோர் ஒரே மெமரியில் கை வைத்தால் என்ன ஆகும் என்பது பிரம்மாவுக்கே குழப்பம் தரும் விஷயம். ஒரே ஆள் பலகையை வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது, ஆட்கள் வேண்டும். ரயில் பெட்டியில் ஆட்களுக்கா பஞ்சம்? எதிரே உட்கார்ந்த பூ வியாபாரி ஒன்றாவது கோர், சரோஜா அக்கா இரண்டாவது கோர், ஜன்னலோரம் உட்கார்ந்த பேங்க் காவலாளி கேட்டை மூடுகிறவர். மைன்ஸ் வரி வரியாகச் சொல்லச் சொல்ல, அவர்கள் வாஷரை எடுப்பார்கள், மாட்டுவார்கள். பங்காருப்பேட்டையில் ஆரம்பித்தால் கே.ஆர்.புரம் வருவதற்குள் ஒரு ஃபைல் முடிந்துவிடும். சீட்டு விளையாடுகிற கோஷ்டியே ஆட்டத்தை விட்டுவிட்டு இதைப் பார்க்க வந்து நிற்கும் என்று கேள்வி.

ஒருநாள் நடுவழியில் சரோஜா அக்கா கையைத் தூக்கியிருக்கிறார்.

"இரு மைன்ஸு. அவரு போர்டைப் பாத்துட்டாரு, எல்லாம் ரொம்பிக் கீது. கேட்டை மூட எழுந்து போறதுக்குள்ள நான் டோக்கன் எடுத்துட்டனே. இப்ப நான் உள்ளயா, வெளியவா?"

ஓடுகிற ரயிலில் மைன்ஸ் எழுந்து நின்று கும்பிட்டாராம். உலகத்தில் பெரிய பெரிய கம்பெனிகள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு தேடிய ஓட்டை அது. இரண்டு வாரத்தில் திருத்தம் வந்தது. பதிவேட்டில் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் சரோஜா அக்காவின் பெயரை முழுசாக, இனிஷியலோடு எழுதியிருந்தார் மைன்ஸ்.

எனக்கு முன்னால் சரோஜா அக்கா. எம்.டெக். படித்த எனக்கு முன்னால். அன்று என் மேஜையைத் துடைக்க அவர் வந்தபோது நானே துணியை வாங்கித் துடைத்துக்கொண்டேன். மரியாதையினால் இல்லை. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

மறுநாளே நானும் இரண்டு டஜன் வாஷர் வாங்கினேன். எனக்கு வீடு ஜோகுபாளையத்தில், ரயிலுக்கு வழியில்லை, மெட்ரோதான். ஸ்டேஷன் ஸ்கேனரில் வாஷர்களைப் பார்த்த காவலர் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, "என்ன சார் இது?" என்று கன்னடத்தில் கேட்டார். கெர்னல் என்றேன். இன்னும் இரண்டு காவலர்கள் வந்தார்கள். ஒரு வழியாக வண்டி ஏறி, பக்கத்தில் நின்ற இளைஞரிடம் ஒரு வாஷரை நீட்டி, நீங்கள் ஒன்றாவது கோர் என்றேன். அவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். வாஷர்கள் இப்போது எங்கள் வீட்டுக் குழாயில் இருக்கின்றன.

ஆனால் கடவுள் இருக்கிறார் என்று ஒரு திங்கட்கிழமை காலை நிரூபணமாயிற்று. அலுவலகத்துக்குள் நுழைகிறேன், என் முப்பத்திரண்டு கோர் மெஷின் வாந்தி எடுத்து வைத்திருக்கிறது. திருப்பிக் கொடுத்த மெமரியைத் தொட்டுவிட்டதாகத் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. எதிர் மேஜையில் மைன்ஸ் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்று திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். அந்தப் பகுதியைப் பராமரிக்கும் வெளிநாட்டுக்காரருக்கு மூன்று பக்கத்தில் மெயில் அனுப்பினேன். பதில் வருவதற்குள் மேலாளரிடம் சொல்லி, மாடி முழுக்க மைசூர் பாகு கொடுத்தேன். மைன்ஸுக்கு மட்டும் இரண்டு துண்டு கொடுத்தேன். இரண்டையும் சாப்பிட்டுவிட்டு, மனதார, "ரொம்ப சந்தோசம் சார், எந்த ஃபைலு?" என்று கேட்டார். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

மறுநாள் முழுக்க அவர் என் மெஷினில் இருந்த அந்த ஃபைலை அச்சடித்து வைத்துக்கொண்டு வாஷரை எடுத்து எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். சாயந்திரம் என்னை டீக்கடைக்குக் கூப்பிட்டார். அலுவலகத்தில் காபி மெஷின் இருக்கும்போது தெருவுக்கு ஏன் இழுக்கிறார் என்று நினைத்துக்கொண்டே போனேன். டீ வந்தது. ஒரு கிளாஸை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"சார், டோக்கன் எல்லாம் கரெக்டா மாட்டிட்டாங்க. கேட்டும் மூடிட்டாங்க. அதுக்கப்புறமும் கீழ ஒரு ஆளு நடமாடறாரு. அவரு டோக்கனே எடுக்கல." குரலைத் தணித்தார். "அது நீங்க போட்ட லைனு சார்."

சந்தேகப்பட்ட இடத்தில் என்ன நடக்கிறது என்று வேவு பார்க்க, முந்தின மாதம் என் மெஷினின் கெர்னலில் நானே ஒரு வரி சேர்த்திருந்தேன். இன்ன எண்ணுள்ள மெமரி திருப்பிக் கொடுக்கப்பட்டது என்று அறிவிக்கிற வரி. அந்த எண்ணை அது எங்கிருந்து படித்தது? திருப்பிக் கொடுத்துவிட்ட அதே மெமரியிலிருந்து. சேர்த்ததை மறந்தே போய்விட்டேன். திருடனைப் பிடிக்க நான் வைத்த காவல்காரன்தான் திருடன். ஊர் முழுக்க மைசூர் பாகு வேறு கொடுத்தாயிற்று.

தவறு என்னுடையது என்று அந்த வெளிநாட்டுக்காரருக்கு அன்றே இரண்டு வரியில் எழுதினேன். வாழ்க்கையில் நான் எழுதியவற்றில் சின்னது அதுதான், அதிக நேரம் எடுத்ததும் அதுதான். மாடியில் யாருக்கும் மைன்ஸ் மூச்சு விடவில்லை. மேலாளர் நேராக அவரிடமே கேட்டபோதுகூட, சாரைக் கேளுங்க, அவருக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார். அதற்கு நான் நன்றியோடு இருந்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் எரிந்தது. கெட்டிக்காரனாக இருந்து தொலையட்டும், நல்லவனாகவும் இருக்க வேண்டும் என்று யார் அழுதார்கள்?

இரண்டு நாள் கழித்து அச்சடித்த தாள் ஒன்றை என் மேஜையில் வைத்தார். என் லைனுக்கு நாலு வரி மேலே, ஏதாவது தப்பு நேர்ந்து பாதியில் திரும்புகிற வழியில், வெளியே வந்த ஒரே ஆளுக்கு இரண்டு டோக்கன் மாட்டுகிறார்களாம். பலகை நிரம்பிவிடுகிறது, உள்ளே இன்னொருவர் இருக்கிறார். அசல் ஓட்டை. திருத்தத்தையும் எழுதி, கண்டுபிடித்தவர் என்று என் பெயரைப் போட்டிருந்தார். நீங்கள் சொல்லாவிட்டால் நான் அந்த ஃபைல் பக்கமே போயிருக்க மாட்டேன், அதனால் இது உங்களுடையதுதான் என்றார்.

நான் ஒன்றும் உத்தமன் இல்லை. மீட்டிங் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷமாக நான் கேட்ட வரி. எழுத்துப் பிழைகூட இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வந்துவிடும்.

அப்புறம் என் பெயரை அடித்து அவர் பெயரை எழுதினேன். அடித்த கை எரிந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வெறுமனே விடவும் மனமில்லை. அந்தத் திருத்தத்தை என் முப்பத்திரண்டு கோர் மெஷினில் போட்டு, இந்தத் தடவை என் வரிகள் எதுவும் இல்லாத சுத்தமான கெர்னலில், சனி ஞாயிறு முழுக்க ஓட்டினேன். ஒரு தும்மல்கூட இல்லை. பதிவேட்டில், மைன்ஸின் பெயருக்குக் கீழே, சோதித்துப் பார்த்தவர் என்று என் பெயர் ஏறியது. சரோஜா அக்காவுக்கு ஒரு படி கீழேதான். ஆனால் அது என்னுடையது.

அடுத்த வருஷம் மைன்ஸ் வேறு கம்பெனிக்குப் போனார், வீட்டிலிருந்தே வேலை. நான் அந்த வேலையையே விட்டுவிட்டு எழுத வந்துவிட்டேன். ஆனாலும் திங்கட்கிழமை தோறும் பதிவேட்டைத் திறந்து அவர் பெயரைத் தேடுகிறேன். இருக்கும். திட்டிவிட்டு மூடுவேன். போன மாதம் ஒரு திங்கட்கிழமை பெயர் இல்லை. சந்தோஷமாக ஒரு காபி குடித்தேன். அடுத்த திங்கட்கிழமையும் இல்லை. மூன்றாவது திங்கட்கிழமை காபி இறங்கவில்லை. போன் போட்டேன். ரொம்ப நேரம் அடித்தது.

"டெங்கு சார்," என்றது ஒரு பாதிக் குரல். "ஆஸ்பத்திரிலேர்ந்து நேத்துதான் வந்தேன். யாருக்கும் சொல்லவே இல்ல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிது?"

எதையாவது சொல்லியாக வேண்டும்.

"சீக்கிரம் எழுந்து உக்காந்து ஏதாவது ஒண்ணைக் கண்டுபிடிய்யா," என்றேன். "உன்னால வயிறு எரிஞ்சு மூணு வாரமாச்சு. வீடே நல்லா இல்ல."