உல்டா அண்ணனின் கடைசி வரி

உலகம் தெற்கிலிருந்துதான் தொடங்குகிறது என்று சத்தியமாக நம்பிய ஒரே மனிதரை நான் அந்தமானில்தான் பார்த்தேன். போர்ட் பிளேரில் எங்கள் அலுவலகச் சுவரில் தீவுகளின் படம் ஒன்று தொங்கும். அதை அவர் தலைகீழாக மாட்டியிருந்தார். தெற்குக் கோடி கேம்ப்பெல் பே உச்சியில், வடக்குக் கோடி திக்லிபூர் தரையில். வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாரோ தெரியாமல் மாட்டிவிட்டார்கள் என்று நினைத்து நான் நேராக்கினேன். சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுபடி தலைகீழ். மூன்று நாள் இந்தச் சண்டை நடந்தது. நான்காம் நாள் படத்தைச் சுற்றி எட்டு ஆணி அடித்திருந்தது.

எங்கள் மேலதிகாரி ஒரு பெங்காலிக்காரர். அவரை நாங்கள் சாப் என்போம். “யே ஆத்மி பூரா உல்டா ஹை”, இந்த ஆள் முழுக்கத் தலைகீழ், என்று அவர் ஒருநாள் இந்தியில் அலுத்துக்கொண்டதிலிருந்து இவருக்கு உல்டா அண்ணன் என்ற பெயர் நிலைத்துவிட்டது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அதை யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும் அவர் திரும்பியிருக்க மாட்டார்.

பெயர் பொய்யில்லை. டப்பாவைத் திறந்தால் முதலில் மோர்சாதம், கடைசியில்தான் சாம்பார். வாரப் பத்திரிகை மெயின்லேண்டிலிருந்து வந்து சேர்ந்ததும் கடைசிப் பக்கத்தைத்தான் பிரிப்பார். எந்தக் கதையானாலும் கடைசி வரியை முதலில் படித்தாக வேண்டும். துப்பறியும் தொடரில் கொலைகாரன் யாரென்று தெரிந்துகொண்டு, கொலை எப்போது நடக்கும் என்று பின்னோக்கிக் காத்திருப்பார். ஏண்ணே இப்படி என்றால், முடிவு தெரிந்துவிட்டால் நிம்மதியாகப் படிக்கலாமே என்பார். இதில் என்ன நிம்மதியோ, எனக்கு எரிச்சலாக வரும்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். செயற்கைக்கோள் எடுத்த படத்தைக் கிட்டத்தில் பார்த்தால் கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஓர் எண் ஒளிந்திருக்கும்: இந்த இடம் இவ்வளவு உயரம், இங்கே இவ்வளவு மழை என்று. அந்தப் படத்தைப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு வரியாக எக்ஸெல்லில் அடுக்கித் தர வேண்டும். ஏனென்றால் பெரிய அதிகாரிகள் யாரும் படத்தை நம்ப மாட்டார்கள். அதே விஷயத்தை எக்ஸெல்லில் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

இந்த வேலையில் உல்டா அண்ணனை அடிக்க ஆள் கிடையாது. எனக்கு அவர் கற்றுக்கொடுத்தார் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நான் செய்த கூத்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். மேகம் மறைத்து, எண் கிடைக்காத கட்டங்களில் மைனஸ் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று ஒரு பொய் எண்ணைப் போட்டுவைப்பது எங்கள் தொழில் வழக்கம். அந்த வரிகளை நீக்கிவிட்டுத்தான் சராசரி எடுக்க வேண்டும். நான் நீக்காமல் எடுத்தேன். சாப் அதை அப்படியே கூட்டத்தில் வாசித்தார். சௌல்தாரி கிராமம் கடலுக்கடியில் எழுநூறு மீட்டர் ஆழத்தில் இருப்பதாக எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். எங்கள் பியூன் சௌல்தாரிக்காரர். அன்று காலைதான் அங்கிருந்து ஒரு பை நிறையப் புடலங்காய் பறித்துவந்து எல்லோருக்கும் கொடுத்திருந்தார். அவர் டீ தட்டோடு நின்று என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

உல்டா அண்ணன் ஐந்து நிமிடத்தில் சரிசெய்து கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். “பூஜ்யம் வேற, தெரியலங்கிறது வேற தம்பி. தெரியலன்னா தெரியலன்னு வைக்கணும். மத்லப், அதுல வெக்கம் ஒண்ணுமில்ல.”

மத்லப் என்றால் ‘அதாவது’. வாய்க்கு வாய் அதைச் சொல்லாவிட்டால் அவருக்குப் பேச்சு நகராது.

இந்தத் தலைகீழ்ப் பித்து ஃபைலிலும் உண்டு. படத்தை எண்ணாக மாற்றும்போது கம்ப்யூட்டர் வடக்கு ஓரத்திலிருந்து வரி வரியாக எழுதிக்கொண்டு தெற்கே வரும். எல்லா ஊரிலும் அப்படித்தான். இவர் மட்டும் ஃபைலைக் கவிழ்த்து, தெற்குக் கடைசிக் கட்டத்தை முதல் வரியாகக் கொண்டுவந்துவிட்டுத்தான் எக்ஸெல்லைத் தொடுவார். அதற்கு அரை நாள் ஆகும். நாங்கள் கேலி செய்வோம். ஒருநாள் கேன்டீனில் விடாமல் பிடித்துக் கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

“நான் கட்சால்காரன் தம்பி. சிலோன் தோட்டத்துலருந்து கூட்டியாந்து ரப்பர் காட்டுல எறக்கிவிட்ட ஆளுக நாங்க. எந்த லிஸ்ட்டானாலும் வடக்கேருந்துதான் படிப்பாங்க. எங்க ஊரு வர்றதுக்குள்ள காயிதம் தீந்துபோயிரும். சுனாமி அப்பவும் அப்பிடித்தான். மத்லப், ஒரு லிஸ்ட்டாவது எங்கிட்டருந்து ஆரம்பிக்கட்டுமே.”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துவைத்தேன்.

தெற்கே அந்தக் கட்சால் தீவில் அவருடைய அக்கா இருந்தார். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், தனியாக. சுனாமிக்குப் பிறகு லயத்துக் கிணறு உப்பாகிவிட்டது. எழுபது வயதில் அந்த அம்மாள் மேட்டு ஊற்றிலிருந்து இடுப்பில் குடத்தோடு இறங்கிவந்துகொண்டிருந்தார். போர்ட் பிளேருக்கு வந்துவிடச் சொல்லி இவர் கெஞ்சாத நாளில்லை. அந்த அம்மாள் அசையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மழைநீர்த் தொட்டி வேலை எங்களிடம் வந்தது. மழைப் படத்தையும் சரிவுப் படத்தையும் எண்ணாக்கி, தொட்டி தேவைப்படும் இடங்களைப் பட்டியல் போட வேண்டும். எங்கள் ஃபைலின் தெற்குக் கடைசி கட்சால். கேம்ப்பெல் பே தனி ஃபைல், அதை வேறு ஆட்கள் பார்த்தார்கள். உல்டா அண்ணன் நான்கு மாதம் அந்தப் படங்களின் மேலேயே விழுந்து கிடந்தார். ஒவ்வொரு மேகக் கட்டத்துக்கும் பழைய படம் தேடி எண் பிடித்தார். அக்கா இனிமேல் குடம் தூக்க வேண்டாம் என்று டீக்கடைக்காரரிடம்கூடச் சொல்லியாகிவிட்டது.

எக்ஸெல்லுக்கு மாற்றுவது மட்டும்தான் பாக்கி. அப்போது அக்காவுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்து, அவசரமாக ஷிப் ஏறினார். ஏறுமுன் என் மேஜைக்கு வந்து, “நான் வர்றவரைக்கும் அத எக்ஸெல்ல தொறக்காதீங்க. தொறந்தே ஆகணும்னா, கவுத்துட்டுத் தொறங்க” என்றார். சரிண்ணே என்றேன். திரும்பி வர வேண்டிய ஷிப் கடல் சரியில்லை என்று நின்றுபோனது. கட்சாலுக்கு ஃபோனும் கிடைக்கவில்லை.

தொட்டிகளுக்கு அனுமதி தரும் கூட்டத்தை முன்னால் தள்ளிவிட்டார்கள். பட்டியல் பதினோரு மணிக்கு வேண்டும் என்று சாப் வந்து நின்றார். கராச்சர்மாவிலிருந்து நான் வரும் பஸ் அன்று பார்த்து பாதி வழியில் படுத்துவிட்டதால், நான் வந்து சேர்ந்ததே பத்தரைக்கு. கவிழ்க்க அரை நாள் ஆகும். அவருடைய பித்துக்கு நான் ஏன் திட்டு வாங்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. அப்படியே திறந்தேன். ஏதோ ஒரு பெட்டி வந்து ஏதோ சொன்னது. கம்ப்யூட்டரில் வரும் பெட்டியை யார் படிக்கிறார்கள்? ஓகே அமுக்கினேன். சேவ் செய்தேன். பட்டியல் போய்விட்டது.

எக்ஸெல்லுக்கு ஒரு வயிறு உண்டு. பத்து லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் வரிக்கு மேல் அது விழுங்காது. மிச்சத்தைக் கீழே விட்டுவிடும். அந்தப் பெட்டி சொன்னது அதைத்தான். வடக்கிலிருந்து விழுங்கிக்கொண்டே வந்து தெற்கில் வயிறு நிறைந்துவிட்டது. கவிழ்த்திருந்தால் வடக்கு ஓரத்து வெறும் கடல்தான் விழுந்திருக்கும். இரண்டு தீவுகள் போயின. ஒன்று கட்சால்.

உல்டா அண்ணன் ஒன்பது நாள் கழித்து வந்தார். பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அங்கேயே நின்றார். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஃபைலைத் திறந்து, கீழே போய், கடைசி வரியின் எண்ணைப் பார்த்தார். அவருக்கு அது போதும்.

“யாரு தம்பி தொறந்தது?” என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை.

“தெரியலண்ணே” என்றேன்.

பூஜ்யம் வேறு, தெரியவில்லை என்பது வேறு. எனக்குத் தெரிந்திருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு, சாப் அறைக்குப் போய்த் தன் ஃபைல், தன் தவறு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அனுமதி வந்துவிட்டது, இனி அடுத்த வருஷப் பட்டியலில்தான் என்றார் சாப். மூன்று மாதத்தில் உல்டா அண்ணன் ரிட்டயர் ஆனார். மாலை போட்டு, சமோசா கொடுத்து அனுப்பினோம். அவர் நேராகக் கட்சாலுக்குப் போய்க் குடத்தைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார். நான் அன்றும் வாயைத் திறக்கவில்லை. சமோசா மட்டும் இரண்டு தின்றேன்.

மறுவருஷம் பட்டியலை நானே கவிழ்த்துப் போட்டேன். முதல் வரி கட்சால். சாப் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தொட்டியும் கட்டிவிட்டார்கள். ஒரு மத்தியானம் உல்டா அண்ணனிடமிருந்து ஃபோன் வந்தது.

“தண்ணி வந்திருச்சு தம்பி. நல்லா ருசியா இருக்கு” என்றார். “அக்காதான் இல்ல. போன மாசம் போயிட்டாங்க. வயசு, வேற ஒண்ணுமில்ல.”

அண்ணே, அந்த ஃபைல் என்று ஆரம்பித்தேன்.

“தெரியும் தம்பி. கடைசியா சேவ் பண்ணுன ஆளு பேரு ஃபைலுக்குள்ளயே இருக்கும்ல? அன்னிக்கே பாத்துட்டேன்.”

“அப்பறம் ஏண்ணே சொல்லல?”

“சொன்னா, மத்லப், நீங்க எங்கூட டீ குடிக்க வரமாட்டீங்களே.”

அதோடு சிக்னல் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன். நான் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை அந்தத் தீவின் சிக்னலுக்காக அப்படியே நின்றுவிட்டது. பிறகு பேசிய போதெல்லாம் அவர் மழையைப் பற்றியும் ஷிப்பைப் பற்றியும் பேசி, என்னை அந்தப் பக்கம் போகவே விடவில்லை.

இப்போது நான் மதுரையில் இருக்கிறேன். எந்த ஃபைலைத் திறந்தாலும் முதலில் கீழே போய்க் கடைசி வரியைப் பார்த்துவிட்டுத்தான் மேலே வருகிறேன். வீட்டுச் சுவரில் அந்தமான் படம் தலைகீழாக இருக்கிறது. என் மனைவி இரண்டு முறை நேராக்கினாள். பிறகு நான் ஆணி வாங்கி வந்தேன்.

இந்தப் பத்திரிகை ஷிப்பில் ஏறி, நனைந்து, ஒரு மாதம் கழித்தாவது கட்சாலுக்குப் போய்ச் சேரும். உல்டா அண்ணன் பின்னாலிருந்து பிரித்து, இந்தப் பக்கத்துக்கு வந்து, கடைசி வரியைத்தான் முதலில் படிப்பார். மற்றதெல்லாம் அப்புறம். அதனால்தான் இதை இங்கே வைத்திருக்கிறேன்.

மன்னிச்சிருங்கண்ணே, டீ குடிக்க வர்றேன்.